குலுக்கிய சீசா

மாப்பிள்ளைக்குத் தண்ணீரைத் தவிர உலகத்தில் வேறு எதன் மீதும் நம்பிக்கை கிடையாது. தண்ணீரிலும், அவரே சோதித்துப் பார்த்த தண்ணீராக இருக்க வேண்டும். குடிநீர் வாரியத்தின் ஆய்வகத்தில் வேலை. யார் வீட்டுக்குப் போனாலும் டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். அதனால் அவரை வீட்டுக்கு அழைக்கும் சொந்தக்காரர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து போனார்கள். அதில் அவருக்கு வருத்தமும் இல்லை. பேச்சு குறைந்தால் நல்லதுதானே என்று இருக்கிற ஆள். அவரை மாப்பிள்ளை என்று நாள் முழுக்கக் கூப்பிடுகிறவர் கூடவே குடியிருக்கும் மாமனார். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் வேறு யாரும் அவரை எப்படியும் கூப்பிடுவதில்லை என்பதால் நாமும் அதையே வைத்துக்கொள்ளலாம்.

மனைவிக்குச் செருப்புக்கடையில் கேஷியர் வேலை. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தடிப்புத் தடிப்பாக வந்து அரித்துக்கொண்டிருந்தது. தோல் டாக்டர் மாற்றி மாற்றிக் களிம்பு எழுதினார். பூசிய அன்றைக்கு அடங்கும், மறுநாள் வட்டியோடு திரும்பி வரும். கடையில் கூட வேலை பார்க்கும் அக்கா ஒருத்தி சொன்னாள் என்று, டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்த ஹோமியோபதி டாக்டரிடம் போனாள். போனவள் சாயங்காலம் வெகுநேரம் கழித்துத்தான் வந்தாள். முகத்தில் ஒரு களை இருந்தது. மாப்பிள்ளைக்கு அந்தக் களையே சந்தேகத்தைக் கிளப்பியது.

"இவ்வளவு நேரம் என்ன பார்த்தார்?"

"பார்க்கலைங்க, கேட்டார். இடி இடிச்சா பயமா இருக்குமான்னு கேட்டார். தூங்கும்போது கால் போர்வைக்கு உள்ளே இருக்குமா வெளியே இருக்குமான்னு கேட்டார். யாராவது ஆறுதல் சொன்னா அழுகை வருமா, எரிச்சல் வருமான்னு கேட்டார்."

"கையைப் பார்த்தாரா இல்லையா?"

"கடைசியில பார்த்தார்."

"என்ன மருந்தாம்?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். "உப்பு."

"என்ன உப்பு?"

"சாதா உப்புதானாம். ஆனா ரொம்ப ரொம்பக் கரைச்சதாம். கரைச்சதையே திரும்பத் திரும்பக் கரைச்சு, அதை இந்தச் சர்க்கரை உருண்டையில தெளிச்சிருக்காங்களாம்."

மாப்பிள்ளை அவள் நீட்டிய சின்னச் சீசாவை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தினமும் குழாய்த் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று பார்த்துச் சொல்லுவதற்குத்தான் அவருக்குச் சம்பளம். "நம்ம வீட்டுக் குழாயைத் திறந்தா இதைவிட ஆயிரம் மடங்கு மருந்து கொட்டுது. அப்படிப் பார்த்தா இந்த ஊர்ல ஒருத்தனுக்கும் அரிப்பே வரக்கூடாது. கடல்ல பெருங்காயத்தைக் கரைச்சவனைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேன். கடல்லயே உப்பைக் கரைச்சு விக்கிறவனை இப்பத்தான் பார்க்கிறேன்."

"உங்களுக்கு எல்லாத்துலயும் கிண்டல்."

"கிண்டல் இல்ல, கணக்கு."

அதோடு பேச்சு நின்றது. அந்த வீட்டில் பேச்சு நின்றால் நாள்கணக்கில் நிற்கும். ஆனால் மாப்பிள்ளைக்குள் ஒரு குறுகுறுப்பு உட்கார்ந்துகொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் தலைக்குக் குளிக்கப் போன நேரம் பார்த்து, கடையிலிருந்து வாங்கி வைத்திருந்த, மருந்து தெளிக்காத வெறும் உருண்டைப் பொட்டலத்தைப் பிரித்தார். சீசாவில் இருந்ததை எல்லாம் கழுவுதொட்டியில் கொட்டினார். அப்புறம் கை தானாக ஒரு காரியம் செய்தது. ஆய்வகத்தில் ஒரு பழக்கம் உண்டு. மாதிரித் தண்ணீர் பிடிக்கும் பாட்டிலை முதலில் அதே தண்ணீரால் மூன்று தடவை அலசுவார்கள். கொஞ்சம் ஊற்றிக் குலுக்கிக் கொட்டு, மறுபடி ஊற்றிக் குலுக்கிக் கொட்டு. பழைய சரக்கின் வாடையே இருக்கக்கூடாது. மாப்பிள்ளையும் வெறும் உருண்டைகளைக் கொஞ்சம் போட்டு மூடியை இறுக்கிக் கலகலவென்று குலுக்கிக் கொட்டினார். மூன்று தடவை. பிறகுதான் சீசாவை நிரப்பி இருந்த இடத்தில் வைத்தார். சுத்தம் என்றால் சுத்தம்.

அன்று முதல் தினமும் மனைவியின் கையைப் பார்த்தார். வாரம் போகப் போகத் தடிப்பு வடிந்தது, அரிப்பு அடங்கியது, தோல் பழையபடி ஆனது. மாப்பிள்ளைக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். வெறும் சர்க்கரைக்கே இந்தப் பலன் என்றால் மருந்து எதற்கு? உண்மையைச் சொல்ல ஒரு நல்ல நேரத்தைத் தேடிக்கொண்டே இருந்தார். சொல்லாமல் வைத்துச் சுவைப்பதிலும் ஒரு சுகம் இருந்தது. அந்தச் சுகத்துக்குத்தான் வினை வந்தது.

ஒருநாள் காலையில் மாமனார் நாற்காலியிலிருந்து எழுந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஒண்ணுமில்ல மாப்பிள்ளை, லேசா கிறுகிறுப்பு" என்றார். மாப்பிள்ளை அவர் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார். மெஷினில் வந்த எண்ணைப் பார்த்ததும் அவருக்கே கிறுகிறுத்தது.

"மாமா, மாத்திரை போடுறீங்களா?"

"அதை எப்பவோ நிறுத்தியாச்சு."

"நிறுத்தியாச்சா? யாரைக் கேட்டு?"

"யாரைக் கேட்கணும்? அவ கையைப் பார்த்தேன். அந்தச் சீசாவுல இருந்து காலையில நாலு, ராத்திரி நாலுன்னு எடுத்துப் போட்டுக்கறேன்."

"அது அவளுக்குக் கொடுத்த மருந்து!"

"என் பொண்ணுக்குப் பிடிச்சது எனக்குப் பிடிக்காதா? ஒரே ரத்தம்தானே?"

அந்தச் சீசாவுக்குள் என்ன இருக்கிறது என்று உலகத்தில் மாப்பிள்ளை ஒருவருக்குத்தான் தெரியும். நாளைக்கு மாமனாரின் தலையில் ஒரு நரம்பு வெடித்தால், பழியை டயர் கடை மாடியில் கொண்டு போய் இறக்கி வைக்க முடியாது. நுணல் தன் வாயால் கெடும் என்பார்கள். மாப்பிள்ளை வாயைத் திறக்காமலே கெட்டார். இனி திறந்தாவது பார்ப்போம் என்று மாமனாரையும் மனைவியையும் உட்கார வைத்து, கொட்டியது, குலுக்கியது, நிரப்பியது எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

மனைவி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "தினமும் என் கையைப் பார்த்தீங்க. இத்தனை வருஷத்துல இல்லாத அக்கறைன்னு நினைச்சேன்."

மாமனார் தொடையைத் தட்டி எழுந்தார். "வெறும் சர்க்கரையில அரிப்பு போகுமா? கதை விடாதீங்க மாப்பிள்ளை. வாங்க, டாக்டரையே கேட்டுடுவோம்."

டாக்டர் ஒடிசலான மனிதர். மேஜைக்குப் பின்னால் சின்னச் சின்ன மரப்பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. கீழே டயருக்குக் காற்று அடிக்கும் சத்தம் வந்துகொண்டிருந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். கோபப்படப் போகிறார் என்று மாப்பிள்ளை தயாரானார்.

"சீசாவைத் தண்ணி விட்டுக் கழுவினீங்களா?"

"இல்ல. ஈரம் இருந்தா உருண்டை கரைஞ்சிடும். புது உருண்டையாலயே அலசினேன்."

"எத்தனை தடவை?"

"மூணு தடவை."

"குலுக்கினீங்களா?"

"நல்லா குலுக்கினேன்" என்றார் மாப்பிள்ளை. தொழில் சுத்தத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது.

டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து மாப்பிள்ளையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "ஐயா, இதைத்தான் எங்க மருந்துக் கம்பெனியில மெஷின் வெச்சுப் பண்றாங்க. கொஞ்சமா மிச்சம் வெச்சு, புதுசைச் சேர்த்துக் குலுக்கி, அதுல கொஞ்சம் மிச்சம் வெச்சு மறுபடியும் குலுக்கி... ஒவ்வொரு படிக்கும் வீரியம் ஏறும். நான் கொடுத்ததைவிட மூணு படி ஏத்தியிருக்கீங்க. அதான் அம்மாவுக்கு இவ்வளவு சீக்கிரம் கேட்டிருக்கு!"

"அதுல ஒண்ணுமே இல்ல டாக்டர்! எல்லாத்தையும் கொட்டிட்டேன்!"

"பெருங்காயம் வெச்ச டப்பாவைக் காலி பண்ணினா வாசம் போயிடுமா?"

"வாசம் இருந்தா மூக்குக்குத் தெரியும், கருவிக்குத் தெரியும். இதுல எந்தக் கருவிக்கும் ஒண்ணும் தெரியாது."

டாக்டர் சாந்தமாகக் கேட்டார். "நீங்க தண்ணியைச் சோதிக்கிறீங்க. விஷம் எதுவும் கிடைக்கல. ரிப்போர்ட்ல 'இல்லை'ன்னு எழுதுவீங்களா?"

ஆய்வகத்தில் 'இல்லை' என்று எழுதவே கூடாது. சேர்ந்த முதல் வாரத்தில் ஒருமுறை எழுதி மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

"என்ன எழுதுவீங்க?"

"கண்டறியப்படவில்லைன்னு" என்றார், தனக்கே கேட்காத குரலில்.

"அப்புறம் என்னங்க?" என்றார் டாக்டர்.

அதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. உட்கார்ந்து நிதானமாகச் சொன்னால் ஒரு சாயங்காலம் முழுக்கச் சொல்லலாம். ஆனால் மாமனார் அதற்குள் மாப்பிள்ளையின் முதுகில் ஓங்கித் தட்டிவிட்டார். "உங்க கையிலயா இந்த வித்தை! ஊமை மாதிரி இருந்துக்கிட்டு!"

மாப்பிள்ளை கடைசி முயற்சியாக டாக்டரின் காலில் விழாத குறையாகச் சொன்னார். "என்னை விடுங்க. இவர் பி.பி. மாத்திரையை நிறுத்திட்டார். போடச் சொல்லுங்க."

டாக்டர் திடுக்கிட்டுப் போனார். "ஐயோ, நான் நிறுத்தச் சொல்லவே இல்லையே! ஐயா என்கிட்ட வந்ததே இல்லையே! பெரியவரே, அதை நிறுத்தாதீங்க. என் பி.பி. மாத்திரையையே நான் நிறுத்தினதில்ல." மேஜை இழுப்பறையைத் திறந்து மாத்திரை அட்டையைக் கூடக் காட்டினார்.

வெளியே படி இறங்கும்போது மாமனார் மகளிடம் சொன்னார்: "எவ்வளவு அடக்கம் பார்த்தியா? தன் மருந்தைத் தானே பெருசா சொல்லிக்கல. பெரிய மனுஷன். ஆனா எனக்கு இனிமே மாப்பிள்ளை மருந்துதான்."

வழி நெடுக மாப்பிள்ளை கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார். உண்மையைச் சொல்லிப் பார்த்தாயிற்று, டாக்டரை விட்டும் சொல்லிப் பார்த்தாயிற்று. மிச்சம் இருப்பது பொய் ஒன்றுதான். வீட்டுக்கு வந்ததும் சீசாவையும் மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு மாமனாரின் எதிரில் உட்கார்ந்தார். வாழ்நாளில் முதல்முறையாகச் சோதிக்காத ஒன்றைச் சொன்னார்.

"மாமா, இந்த உருண்டை தனியா வேலை செய்யாது. முதல்ல பி.பி. மாத்திரை உள்ளே போகணும். அது மேலதான் இது ஏறி உட்காரும்."

"போடலாம் போடலாம். கேள்வி கேட்காம கொடுக்கறீங்களே? அவளை டாக்டர் எவ்வளவு கேட்டார்!"

மாப்பிள்ளைக்கு வேர்த்தது. மாதிரித் தண்ணீரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. அதுதான் அந்த வேலையில் அவருக்குப் பிடித்ததே. "இடி இடிச்சா பயமா இருக்குமா?" என்று ஆரம்பித்தார்.

"பஸ் ஓட்டினவனுக்கு இடி என்ன இடி?"

"கால் போர்வைக்கு உள்ளேயா வெளியேயா?"

"ஒண்ணு உள்ளே, ஒண்ணு வெளியே" என்றார் மாமனார் பெருமையாக. இப்படி ஒரு கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை.

கேள்விகள் தீர்ந்துவிட்டன. கையில் இருந்த அட்டையைப் பார்த்து, வேறு எதுவும் தோன்றாமல், மாப்பிள்ளை கேட்டார். "இதைப் போட்டா உங்களுக்கு என்ன பண்ணுது?"

மாமனார் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. மாப்பிள்ளை இன்னொரு கேள்வி போடவில்லை. சும்மா இருப்பது அவருக்குக் கைவந்த கலை. அடுக்களையில் பாத்திரம் வைக்கும் சத்தமும் நின்றது.

"அதைப் போட்டா நிமிஷத்துக்கு ஒரு தரம் போகணும்" என்றார் மாமனார், தரையைப் பார்த்து. "அடக்க முடியல. ஒருநாள் பஸ்ல... உட்கார்ந்த இடத்துலயே ஆயிடுச்சு. தண்ணி பாட்டில் ஒழுகிடுச்சுன்னு பக்கத்துல இருந்த பொண்ணுகிட்ட சொன்னேன். நான் ஓட்டின ரூட்டு மாப்பிள்ளை அது. டிரைவர் என்னைத் தெரிஞ்ச பையன். சீட்டை விட்டு எழுந்திருக்காம ஒரு ஷிப்ட் முழுக்க ஓட்டினவன் நான்."

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"ஆஸ்பத்திரி டாக்டரா? அவர் மெஷினைப் பார்ப்பார், எழுதுவார். என் மூஞ்சியே அவருக்குத் தெரியாது."

மாப்பிள்ளை அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். படிக்க ஒன்றும் ஓடவில்லை. "வேற மாத்திரை இருக்கும் மாமா. மாத்தித் தருவாங்க. நாளைக்குப் போவோம்."

"அந்த ஆள்கிட்ட நான் இதைச் சொல்ல மாட்டேன்."

"நான் சொல்றேன். நீங்க வெளியே உட்கார்ந்திருங்க. இன்னைக்கு மட்டும் இதையே போட்டுக்குங்க. வீட்டுலதானே இருக்கப்போறோம், பாத்ரூம் பத்தடியில."

மாமனார் யோசித்தார். பிறகு மாத்திரையை வாங்கி விழுங்கினார். விழுங்கியதும் குழந்தை மாதிரி நாக்கை நீட்டினார். மாப்பிள்ளை சீசா மூடியில் நாலு உருண்டையை எண்ணி, கைபடாமல், முறைப்படி அந்த நாக்கில் கொட்டினார்.

"பிடிக்குது மாப்பிள்ளை" என்றார் மாமனார் கண்ணை மூடிக்கொண்டு. "உடனே தெரியுது."

அவர் எழுந்து போனதும் மனைவி வந்து அதே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

"எனக்கும் கேளுங்க."

"உனக்குத்தான் சரியாயிடுச்சே?"

"கேளுங்கன்னா கேளுங்க."

மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். "இடி இடிச்சா..."

"அதெல்லாம் அவர் கேட்டாச்சு" என்றாள் அவள். "நீங்க புதுசா ஏதாவது கேளுங்க."

மாப்பிள்ளை நாற்காலியை முன்னால் நகர்த்தி உட்கார்ந்து யோசிக்க ஆரம்பித்தார். அவள் எழுந்து போகவில்லை.