கணினிக்குத் தெரியாத தேதி

“முகத்தைக் கட்டுறதுக்குள்ள அக்காவுக்குக் காட்டிடணும். தள்ளுண்ணே,” என்று ஹைதரைத் தோளால் இடித்துவிட்டு ரொஸ்னா கணினி முன் உட்கார்ந்தாள்.

திரை முழுக்கச் சிவப்பு. இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்து. உங்கள் கடவுச்சொல்லை யாராவது திருட முயலலாம் என்று கீழே சின்ன எழுத்து. அவள் முதுகுக்குப் பின்னால், ஹாலின் நடுவில், குளிப்பாட்டிக் கஃபன் துணி உடுத்தி அத்தாவைக் கிடத்தியிருந்தார்கள். முகம் மட்டும் திறந்திருந்தது.

அத்தா நூர் முகம்மது அன்று காலை சுபுஹு தொழுதுவிட்டுப் பாயைச் சுருட்டும்போதே சரிந்தவர். டாக்டர் வந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். நண்பகல் லுஹருக்குப் பள்ளிவாசலில் ஜனாஸா தொழுகை, அது முடிந்ததும் அடக்கம். நேரத்தைத் தள்ளிப்போடும் பழக்கம் இந்தக் குடும்பத்தில் கிடையாது. காத்திருக்கச் சொன்னால் மையத்தே எழுந்து சத்தம் போடும், அத்தா அப்படிப்பட்ட ஆள். வேன் வேறு கீழே வந்து நின்றுவிட்டது.

மூத்தவள் ஹுஸ்னா வளைகுடாவில் நர்ஸ். எந்தப் பிளேனைப் பிடித்தாலும் இங்கே சுங்கை பினாங் வீட்டுக்கு வந்து சேர நாளையாகிவிடும். அங்கே போன் ஆப்பில் எழுத்து போகும், வீடியோ கால் போகாது. எங்கெங்கோ தேடி, அங்கே தடையில்லாமல் ஓடும் ஒரு தளத்தைக் கண்டுபிடித்தவர் அத்தாதான். பிற்பகல் அசர் தொழுததும் தலையில் சொங்கோ தொப்பியை வைத்துக்கொண்டு, கெண்டூரி விருந்துக்குப் போகிறவர் மாதிரி கணினி முன் உட்கார்ந்து மகளோடு பேசுவார். அதன் கடவுச்சொல் அவருக்கும் கணினிக்கும் மட்டும்தான் தெரியும். ரொஸ்னா தன் போனில் முயன்று பார்த்தாள். அத்தாவின் ஈமெயிலுக்கு ஓர் எண் அனுப்பியிருக்கிறோம் என்றது. அந்த ஈமெயிலும் இந்தக் கணினிக்குள்தான் இருந்தது.

“படம் எடுத்து அனுப்பிடேன்,” என்றான் ஹைதர்.

“மையத்தைப் படம் புடிக்கிறது அத்தாவுக்குப் பிடிக்காது. அக்காவும் படம் வேணாம்னுட்டா.”

“அப்ப வேற வழியில்லலா. இது ஸ்கேமர் வேலை. காலையில நான் ஃபேஸ்புக்ல மௌத் செய்தி போட்டேன்ல, அதைப் பாத்துட்டுத்தான் உள்ள வந்துட்டான். மௌத்தான வீட்டத்தான் இவனுங்க தேடுவானுங்க. தொடாத, எல்லாத்தையும் உருவிடுவான்.”

காலையிலிருந்து டாக்டர், அடக்க அனுமதிக்குப் போலீஸ் ஸ்டேஷன், பள்ளிவாசல் என்று மோட்டார் சைக்கிளில் அலைந்தவன், இன்னும் அழக்கூட நேரம் கிடைக்காதவன். அவனிடம் கோபப்பட ரொஸ்னாவுக்கு மனம் வரவில்லை. ஆனாலும் கோபம் வந்தது.

போன் அதிர்ந்தது. ‘இன்னும் மூடலயே?’ என்று ஹுஸ்னா எழுதியிருந்தாள்.

‘இல்லக்கா. கொஞ்சம் இரு.’

ரொஸ்னா மோடத்தை அணைத்துப் போட்டாள். பச்சை விளக்குகள் ஒழுங்காக எரிந்தன. மறுபடியும் சிவப்புத் திரை. அதே வைஃபையில் அவள் போன் கேட்டதையெல்லாம் திறந்தது. கணினியில் வேறு தளங்களைத் தட்டினாள். செய்தித்தாள், வங்கி, வானிலை எல்லாவற்றுக்கும் அதே சிவப்பு, அதே திருடன். வானிலை பார்ப்பவனிடம் திருட என்ன இருக்கிறது?

“ஊர்ல இருக்கிற எல்லாருமா திருடன்?” என்றாள் சத்தமாக.

குளிப்பாட்ட வந்திருந்த ஷேக் அலாவுதீன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “கட்டிடலாமாம்மா?”

“கொஞ்சம் இருங்க மாமா. அல்லாவுக்காக.”

அவர் தலையசைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார். சுவரோரம் பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த அம்மா, யாரைப் பார்த்தும் என்றில்லாமல் சொன்னாள்: “கம்ப்யூட்டர் இரையுதுன்னு சுவிட்ச அமத்தப் போனாக்கூட ஒங்க அத்தா கத்துவாங்க. ராப்பகலா அது ஓடணும். இன்னைக்கு யாரு அமத்துனது?”

ஹைதர் நிமிர்ந்தான். “நான்தான். மையத்துக்கு ஃபேன் வேணும்னாங்க. பிளக்கைக் கழட்டிட்டு ஃபேனைச் சொருகினேன். அக்காவுக்குக் காட்டணும்னதும் மறுபடி இதைச் சொருகினேன்.”

சுவரில் அந்த சுவிட்சின் மேல் அத்தா ஒட்டியிருந்த தாள் பாதி கிழிந்து தொங்கியது. அணைக்காதே என்று மலாயில், கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்: ‘ஜாங்கான் தூத்துப்’.

ரொஸ்னா திரையின் மூலையைப் பார்த்தாள். மணி நள்ளிரவைத் தாண்டிக் கொஞ்சம். தேதி 2014, ஜனவரி ஒன்று. ஜன்னலுக்கு வெளியே உச்சி வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

அவளுக்கு இப்போது பிடிபட்டது. கணினிக்குள் பொத்தான் அளவில் ஒரு பேட்டரி உண்டு, மின்சாரம் இல்லாத நேரத்தில் தேதியை நினைவில் வைத்திருக்க. அது எப்போதோ செத்துவிட்டது. வாங்கிப் போடுகிறேன், போடுகிறேன் என்று அத்தா காலத்தை ஓட்டினார். கரண்ட் போய் வந்தால் முதல் வேலையாகத் தேதியைத்தான் திருத்துவார். ஒவ்வொரு தளமும் தன் சான்றிதழை நீட்டும்போது கணினி அதில் உள்ள தேதியைத் தன் தேதியோடு ஒத்துப் பார்க்கும். ஒத்துவராவிட்டால் திருடன் என்று கூச்சல் போடும். தப்பு தன்னுடைய கடிகாரத்தில் என்று அந்த ஜென்மத்துக்குத் தெரியாது.

“ஸ்கேமரும் இல்ல, ஒரு மண்ணும் இல்லண்ணே. இதுக்கு நாள் தெரியல, அவ்வளவுதான்.”

தேதி மாற்றும் பெட்டியைத் திறந்தாள். 2014இல் அத்தா துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். ஆண்டை ஒவ்வொன்றாக ஏற்றினாள். அவர் ஓய்வு பெற்ற ஆண்டு போனது. ஹுஸ்னா பெட்டி கட்டிய ஆண்டு போனது. இந்த ஆண்டு, இந்த மாதம் வரைக்கும் விரல் தயங்காமல் வந்தது. நேற்றைய நாளில் நின்றுவிட்டது.

அடுத்தது இன்றைய நாள், கபுரின் தலைமாட்டில் வைக்கும் மீசான் கல்லில் வெட்டக் கொடுக்க வேண்டிய தேதி. அதை இதுவரை அவள் கையால் எங்கேயும் எழுதவில்லை. இன்னும் ஒரு தட்டுத்தான். நேற்றே இருந்துவிட்டுப் போகட்டும் என்றுகூட ஒரு கணம் நினைத்தாள்.

“என்னாச்சு?” என்றான் ஹைதர்.

“ஒண்ணுமில்ல,” என்று சொல்லித் தட்டினாள்.

சிவப்பு போய்விட்டது. தளம் திறந்தது, அத்தாவின் பெயரோடு. அழைத்த உடனே ஹுஸ்னா வந்துவிட்டாள். நர்ஸ் உடுப்பில், ஏதோ மருந்து அறையில் உட்கார்ந்திருந்தாள்.

“ரொஸ்னா, ஒன்னத்தான் தெரியுது. அத்தா எங்க?”

கேமரா திரையின் தலையில் திருகி வைக்கப்பட்டிருந்தது. அதன் வயர் கையளவு. ரொஸ்னா திருப்பிப் பார்த்தாள். நாற்காலிக் காலும் யாரோ ஒருவரின் கைலியும்தான் தெரிந்தன. அத்தா மூன்று எட்டு தள்ளிக் கிடந்தார்.

“மேசையோட இழுத்துடுவோம்,” என்று ஹைதர் குனிந்தான்.

“வேணாண்ணே, பிளக் கழண்டா மறுபடியும் எல்லாம் போயிடும்.”

ஷேக் அலாவுதீன் ஜன்னலை விட்டு வந்தார். “அது வராட்டி என்ன? நம்ம நூர் முகம்மது வருவாரு. தம்பிங்களா, ஆளுக்கொரு முனையப் புடிங்க.”

நான்கு பேர் பாயோடு தூக்கினார்கள். அத்தா மெல்லத் தன் கணினியிடம் போய்ச் சேர்ந்தார். கடைசி எட்டில் யாரோ ஒருவரின் கால் வயரில் மாட்டியது. திரை ஒரு தரம் கண் சிமிட்டியது. ஹைதர் தரையில் விழுந்தடித்துப் போய்ப் பிளக்கைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

ஹுஸ்னா பார்த்தாள். அவள் எத்தனையோ மையத்தைப் பார்த்தவள். திரைக்குக் கிட்டே குனிந்தாள்.

“மூக்குல கண்ணாடித் தடம் அப்படியே இருக்கு,” என்றாள் பிறகு.

“ஆமாக்கா.”

“அஸ்ஸலாமு அலைக்கும் அத்தா.” வழக்கமாக அழைப்பைத் தொடங்கும் அதே குரலில் சொன்னாள். அம்மா அந்தப் பக்கம் திரும்பி வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள்.

“போதும் மாமா. கட்டிடுங்க.”

கட்டினார்கள். தூக்கிச் செல்லும் சந்தூக்குப் பெட்டியில் ஏற்றினார்கள். வாசலில் செருப்புகள் ஒதுங்கின. கீழே வேன் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

“ஹைதரு, மவன் நீதான முன்னால புடிக்கணும். வா தம்பி,” என்று யாரோ கூப்பிட்டார்கள்.

அவன் இன்னும் குந்தியபடியே பிளக்கைப் பிடித்திருந்தான். கண் சிவந்திருந்தது.

“ரொஸ்னா, வந்து இதப் புடி. லூசா இருக்கு.”

அடக்கம் செய்யும் கபுருஸ்தானுக்குப் பெண்கள் போவதில்லை. ரொஸ்னா தரையில் உட்கார்ந்து, அவன் கை எடுக்குமுன் தன் கையை வைத்து அழுத்திக்கொண்டாள். ஆண்கள் எல்லோரும் படியிறங்கிப் போனார்கள். திரையில் ஹுஸ்னா இன்னும் இருந்தாள், காலியான தரையைப் பார்த்துக்கொண்டு.