எந்த மரம்?

மரம் ஏறும் பெல்ட்டைச் சவப்பெட்டிக்குள் வைத்தபோது அதன் கொக்கி எப்படியோ திறந்து, சிலுவைராஜின் கையில் இருந்த ஜெபமாலையைக் கவ்விக்கொண்டு மூடியது. வைத்தவர் கான்ட்ராக்டர் ஜம்புலிங்கம். எதிரே மூன்று செல்போன்கள் படம் எடுத்துக்கொண்டிருந்ததால், முகத்தில் துக்கத்தை அப்படியே நிறுத்திவைத்துக்கொண்டு, விரல்களால் மட்டும் கொக்கியோடு போராடினார். இழுத்தார். திருகினார். இறந்தவரின் கை இரண்டு தரம் ஆடியதுதான் மிச்சம்.

"அப்படியே இருக்கட்டும்" என்றார் கடைசியில், அதுதான் தன் திட்டமே என்பதுபோல. "ஜெபமாலையும் பெல்ட்டும் சேர்ந்தே போகட்டும். தொழிலாளிக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

கூட்டத்தில் இரண்டு பேர் தலையாட்டினார்கள். பெட்டியின் தலைமாட்டில் நின்ற ஆக்சிலியா கொக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே தள்ளி, திருப்பி, அமுக்க வேண்டும். சொல்லலாம். சொன்னால் பெல்ட்டுக்காக அலைகிற மகள் என்று பெயர் வரும். செத்தவர் பெட்டியில் ஒரு பொருளை வைப்பது பாசம், எடுப்பது பேராசை என்று அந்தமானின் பாம்பூஃப்ளாட்டில் யாருக்கும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்பா இறந்தது காலை ஆறரை மணிக்கு. வாசலில், பச்சை பிளாஸ்டிக் சேரில், பாதி டீ குடித்த நிலையில். பெரிய டாக்டர் தேவைப்படாத மரணம். இதயம் நின்றுவிட்டது என்று சின்ன டாக்டரே சொல்லிவிட்டார். ஆனால் அக்கம்பக்கத்தில் இதை ஒப்புக்கொள்ள ஆள் இல்லை. நாற்பது வருடம் தென்னையும் பாக்கும் படாக்கும் ஏறி, வீட்டுக் கூரைமேல் சாய்ந்த கிளைகளை வெட்டி இறக்கிய மனிதன் சேரில் சாவதா?

"எந்த மரம் புள்ள?" என்று கேட்டுக்கொண்டேதான் அடுத்த தெரு விசாலாட்சி உள்ளே வந்தாள்.

"மரம் இல்லத்தே. சேர்ல உக்காந்திருந்தாரு."

"சேர்லயா?" விசாலாட்சியின் குரலில் சின்ன ஏமாற்றம் இருந்தது. உடனே சுதாரித்துக்கொண்டு, "எப்பிடியோ, போயிட்டாரே" என்று அழ ஆரம்பித்தாள்.

எதிர்வீட்டு வங்காளிக் கிழவரும் அதையேதான் கேட்டார், ஹிந்தியில். "கோன் சா பேட்?" அப்பாவோடு பதினைந்து வருடம் வேலை பார்த்த டெர்வின் பதில் சொன்னார்: "பேட் நஹி தாதா. குர்சி." நாற்காலி என்று கேட்டதும் கிழவர், அந்தப் பச்சை சேரை மரம் ஏதோ மாறுவேடத்தில் வந்திருக்கிறது என்பதுபோலப் பார்த்துவிட்டுப் போனார்.

பெட்டி செய்ய வந்த ஆசாரி மட்டும் எந்த மரம் என்று கேட்கவில்லை. அவருக்கு நீளமும் தோள் அகலமும் போதும். தொடைச் சுற்றளவை அவர் கேட்டிருந்தாலும் ஆக்சிலியா நாடா இல்லாமலே சொல்லியிருப்பாள்: இருபத்தொன்றரை அங்குலம். இடுப்பு முப்பத்துமூன்று, எலும்புக்கு மேல்.

மூன்று வருடத்துக்கு முன்பு எடுத்த அளவு அது.

அதுவரை அப்பாவிடம் இருந்தது ஒரு நைலான் கயிறு. இரண்டு தொடைக்கும் சுருக்குப் போட்டு, கிளையில் கட்டிக்கொண்டு, தொங்கியபடி வெட்டுவார். சாயங்காலம் தொடையில் இரண்டு சிவப்பு வளையம் இருக்கும். ஆக்சிலியா தினமும் ஃபெரியில் சாத்தம் தீவுக்குப் போய், அங்கிருந்து பஸ் பிடித்து, போர்ட் பிளேரில் ஒரு ஹார்டுவேர் கடையில் பில் போடுகிறவள். கடையிலிருந்தே ஒரு சேஃப்டி பெல்ட் கொண்டுவந்தாள். கட்டட வேலைக்காரர்கள் போடுவது, வளையம் முதுகுப் பக்கம். அப்பா அதை மாட்டிக்கொண்டு ஒரு நிமிடம் தொங்கினார். சந்தையில் காலைப் பிடித்துத் தூக்கிய கோழி மாதிரி இருந்தது.

"இது விழுறவனப் புடிக்கிறதுக்கு" என்றார். "நான் எதுக்கு விழப்போறேன்? எனக்கு மேல உக்காரணும்."

அன்றைக்குத்தான் அவளுக்கு விளங்கியது. பாதுகாப்பைப் பற்றிப் பேச ஊரில் ஆயிரம் பேர் உண்டு. போஸ்டர் உண்டு, வாரவிழா உண்டு. சுகத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சுகமில்லாத பெல்ட்டை மனிதன் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் பத்திரமாக வைத்துவிட்டு மரம் ஏறிவிடுவான்.

மரவேலைக்கென்றே இருக்கும் பெல்ட்டை மெயின்லேண்டிலிருந்து வரவழைத்தாள். கப்பலில் பதினோரு நாள். இடுப்புக்குச் சரியாக இருந்தது, தொடைப் பட்டை தொளதொளவென்று இருந்தது. திருப்பி அனுப்பினாள். அடுத்ததற்கு முறையாக அளவெடுத்தாள்: வேலைக்குப் போடும் தடித்த பேன்ட்டோடு, பையில் கத்தியும் பீடிக்கட்டும் இருக்க, அவர் நெளிய நெளிய.

"என்னட்டி, பெட்டிக்கு அளவெடுக்க மாதிரி எடுக்க?"

"அசையாம நில்லுங்கப்பா."

வந்த பெல்ட்டில் இடுப்புப் பட்டை ஒரு சாண் அகலம். தொடையைச் சுற்றும் பட்டைகளில் மெத்தை. வளையம் முன்பக்கம். முற்றத்து மாமரத்தில், தரைக்கு ஓரடி மேலே, அவரை அரைமணி நேரம் தொங்கவிட்டாள். ஐந்து நிமிடத்துக்கு எல்லா பெல்ட்டும் சுகம்தான். இருபதாவது நிமிடத்தில்தான் அது உண்மை பேசும். அப்பா இருபதாவது நிமிடத்தில் குறட்டை விட்டார். தேர்வு முடிந்தது. அந்த வழியாக வந்த ஜம்புலிங்கம் மதில்மேல் கை வைத்துச் சிரித்தார். "என்ன சிலுவை, தொட்டில் கட்டித் தூங்குறியா? ஆம்பள மரம் ஏறுறதுக்குத் தூளி எதுக்குய்யா?"

அப்பா கண் திறக்காமலே சொன்னார்: "சேர்ல உக்காந்த மாதிரி இருக்கு சார்."

அந்த ஜம்புலிங்கம்தான் இப்போது பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, "இந்த பெல்ட்ட நான்தான் அவருக்கு…" என்று ஆரம்பித்து, ஆக்சிலியாவின் கண்ணைப் பார்த்து, "…போடச் சொல்லிச் சொல்லி வற்புறுத்துவேன்" என்று முடித்தார். இன்னும் இரண்டு துக்க வீடு போனால் வாங்கிக் கொடுத்ததாகவே ஆகிவிடும். அவரே அதை நம்பவும் செய்வார்.

ஆக்சிலியாவுக்கு அது பெரிதில்லை. அவள் கண் டெர்வின்மேல் இருந்தது. திங்கட்கிழமை, பள்ளிக்கூடக் கூரைமேல் சாய்ந்து நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தை வெட்டி இறக்க வேண்டும். அப்பா ஒப்புக்கொண்ட வேலை. இனி டெர்வின்தான் ஏறுவார், பழைய நைலான் கயிற்றோடு. நாற்பத்தைந்து வயது, இரண்டு பெண்பிள்ளைகள். பெல்ட்டைக் கேட்க மாட்டார். காலையிலிருந்து அம்மாவிடம் அவர் சொன்னது, "மதினி, ஒரு வாய் காப்பித்தண்ணி குடிங்க" மட்டும்தான்.

கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பாளா என்று அவளுக்கே நிச்சயமில்லை. மூன்று வருடத்தில் அந்தப் பட்டைகள் அப்பாவின் தொடைக்கு வளைந்து பழகியிருந்தன. பெட்டிக்குள் அவர் மடியில் அது கிடந்தது பொருத்தமாகத்தான் இருந்தது. மண்ணுக்குள் போனால் அப்பாவோடு போகும். இல்லாவிட்டால் தினமும் இன்னொருத்தர் இடுப்பில் பார்க்க வேண்டும்.

மூன்று மணிக்கு ஃப்ளெக்ஸ் வந்தது. ஜம்புலிங்கம் காலையில் செய்தி கேட்டதுமே போர்ட் பிளேரில் அடிக்கச் சொல்லி, ஆள்மூலம் ஃபெரியில் வரவழைத்தது. எட்டடிக்கு ஆறடி. இரண்டு பேர் விரித்துப் பிடித்தார்கள். இடது மூலையில் பாஸ்போர்ட் அளவில் சிலுவைராஜ். வலதுபுறம் முழுக்க, கைகூப்பியபடி, கறுப்புக்கண்ணாடியில் ஜம்புலிங்கம். நடுவில் சிவப்பு எழுத்து:

மரத்தோடு வாழ்ந்து, மரத்தினின்று வீழ்ந்து, மண்ணோடு கலந்த மாவீரரே!

ஃப்ளெக்ஸ் அடிக்கச் சொல்லும்போது எந்த மரம் என்று கேட்கக்கூட ஜம்புலிங்கத்துக்கு நேரம் இருந்திருக்கவில்லை.

"சார், அண்ணாச்சி விழலியே" என்றார் டெர்வின்.

"ஒரு அர்த்தத்துல சொல்றதுப்பா. கவித. சாமியார் வர்றதுக்குள்ள மாமரத்துல கட்டு. ஒசரமா. ரோட்ல இருந்து தெரியணும்."

டெர்வின் ஆக்சிலியாவின் அம்மாவைப் பார்த்தார். பெட்டிக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்த செல்வம்மாள் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். துக்க வீட்டில் சண்டை வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ, நைலான் கயிற்றை எடுத்தார்.

அவர் ஏறியது வேகமாகத்தான். ஆனால் ஃப்ளெக்ஸ் கட்ட இரண்டு கையும் வேண்டும். தொடையில் சுருக்கைப் போட்டுக்கொண்டு கயிற்றில் சாய்ந்தார். ஒரு மூலையைக் கட்டினார். கீழே ஜம்புலிங்கம், "இன்னும் மேல, இன்னும் மேல" என்றார். இரண்டாவது மூலை எட்டவில்லை. ஐந்து நிமிடம் ஆனது, பத்து ஆனது. கயிறு தொடையை அறுப்பது டெர்வினின் முகத்தில் தெரிந்தது. ஒரு காலை உதறினார். மரத்துப்போன கால் அது. கிளையில் ஊன்றியதாக அவர் நம்பினார், அது ஊன்றவில்லை.

வழுக்கிய சத்தம் பெரிதாக ஒன்றுமில்லை. மேலே கிடந்த காய்ந்த இலைகள்தான் கொட்டின. டெர்வின் கிளையை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு தொங்கினார். ஃப்ளெக்ஸின் ஒரு பக்கம் அவிழ்ந்து காற்றில் படபடவென்று அடித்தது.

காலையிலிருந்து எழுந்திராத செல்வம்மாள் எழுந்து நின்றிருந்தாள்.

டெர்வின் எப்படியோ காலைத் தூக்கிப் போட்டு, அடிமரத்தை அணைத்து, முழங்காலும் நெஞ்சும் உரசச் சறுக்கி இறங்கினார். "ஒண்ணும் இல்ல மதினி, ஒண்ணும் இல்ல" என்றார். அடிமரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார்.

ஆக்சிலியா பெட்டிக்குள் குனிந்தாள். கட்டைவிரலால் கொக்கியை மேலே தள்ளி, திருப்பி, அமுக்கினாள். ஒரு கைதான். ஜெபமாலை அப்பாவின் விரல்களிலேயே தங்கிவிட்டது. பெல்ட் அவள் கைக்கு வந்தது.

"ஏம்மா, என்ன பண்ற?" என்றார் ஜம்புலிங்கம். "அது அவருக்கு நாம செய்யுற மரியாத. போறவரோட போகட்டும்."

"போறவரு ஏறப்போறதில்ல சார்."

"அதுக்காகப் பெட்டில வெச்சத எடுக்குறதா? ஊர் என்ன பேசும்?"

"பேசட்டும்" என்றது செல்வம்மாள். "அய்யா, அவரு விழல. நாப்பது வருஷத்துல ஒருநாள்கூட விழல. தினம் சாயங்காலம் ரெண்டு காலால நடந்து வந்தாரு. அத நீங்க எழுதலன்னாலும் பரவால்ல. விழுந்தாருன்னு எழுதாதீங்க."

ஜம்புலிங்கம் வாயைத் திறந்தார். பக்கத்தில் ஒரு செல்போன் இன்னும் படம் எடுத்துக்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டார்.

ஆக்சிலியா டெர்வினை எழுப்பி நிறுத்தினாள். இடுப்புப் பட்டையைச் சுற்றினாள். அப்பாவின் அளவில் அது மூடவில்லை, தளர்த்தி மூடினாள். தொடைப் பட்டையில், பக்கிள் மூன்று வருடம் நின்ற இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. அதை ஒரு கணம் பெருவிரலால் தடவினாள். பிறகு பட்டையைத் தளர்த்தி, கோட்டைத் தாண்டி மூன்று விரல் தள்ளி இறுக்கினாள்.

"சித்தப்பா, கையி உள்ள போகுதா பாருங்க. தட்டையா வெச்சா போகணும், முட்டி மடக்குனா போகக்கூடாது."

"சரியா இருக்கு ஆக்சி."

"நின்னுக்கிட்டுச் சொல்லாதீங்க. தொங்கிட்டுச் சொல்லுங்க."

கயிற்றைக் கிளைக்கு மேல் வீசி, வளையத்தில் மாட்டினாள். டெர்வின் மெல்ல உட்கார்ந்தார். பட்டைகள் லேசாக முனகின. கால்கள் தரையை விட்டன. அவர் முகத்தில் முதலில் ஆச்சரியம் வந்தது, பிறகு வேறு ஏதோ. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எப்பிடி இருக்கு?"

"அண்ணாச்சி சொன்ன மாதிரியேதான்" என்றார்.

"அப்ப மேல போயி அதக் கழட்டிருங்க" என்றாள் செல்வம்மாள்.

டெர்வின் மேலே போனார். இந்தத் தரம் அவசரம் இல்லை. இரண்டு கையும் சும்மா இருந்தன. முடிச்சை நிதானமாக அவிழ்த்து, ஃப்ளெக்ஸை நழுவவிட்டார். அது விழுந்த நேரம் தூறல் போட ஆரம்பித்தது. யாரும் சொல்லாமலே நான்கு பேர் அதை எடுத்து, வெள்ளைப் பக்கம் மேலே இருக்கும்படி, பெட்டிக்கு மேல் விரித்துப் பிடித்தார்கள். ஒரு மூலையைப் பிடித்தவர் ஜம்புலிங்கம். அவருடைய சட்டை நனைந்துகொண்டிருந்தது. உள்ளே சிலுவைராஜ் நனையவில்லை. ஃப்ளெக்ஸில் கைகூப்பிய ஜம்புலிங்கமும் அவரைப் பார்த்தபடி குப்புறத் தொங்கிக்கொண்டிருந்தார். அன்று நிஜ ஜம்புலிங்கம் செய்த உருப்படியான காரியம் அது. நன்றாகவே பிடித்தார்.

தெருமுனையில் சாமியாரின் ஜீப் ஹார்ன் கேட்டது. ஆசாரி மூடியோடு வந்து நின்றார். அரைமணி நேரத்தில் இது மூன்றாவது முறை. "அக்கா, மூடிரட்டுமா?"

"இருங்க" என்றாள் செல்வம்மாள், முன்பு இரண்டு தரம் சொன்னதைப் போலவே.

அவள் மாமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா வேலை முடிந்து வரும்போது அம்மா அவர் முகத்தைப் பார்த்து ஆக்சிலியா கண்டதில்லை. வாசலில் நின்று முதலில் பாதங்களைத்தான் பார்ப்பாள். இரண்டும் வந்துவிட்டனவா என்பதுபோல. பிறகு ஒன்றும் பேசாமல் உள்ளே போய் அடுப்பைப் பற்றவைப்பாள். இன்று காலை சேருக்கு அடியிலும் அவற்றைத்தான் முதலில் பார்த்தாள். இரண்டும் தரையில் பதிந்திருந்தன, டீ டம்ளர் பக்கத்தில்.

டெர்வின் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, அங்குலம் அங்குலமாக இறங்கிவந்தார். முதலில் ஒரு பாதம் ஈரமண்ணைத் தொட்டது. பிறகு இன்னொன்று.

செல்வம்மாள் குனிந்து அவற்றைப் பார்த்தாள். பிறகு ஆசாரியின் பக்கம் திரும்பினாள்.

"மூடிரலாம்" என்றாள்.