சிலிப்பர் போட்ட பேய்

ஐம்பத்தெட்டாம் வருடம் ஐப்பசி மாதம் சிங்கப்பூரில் எங்கே திரும்பினாலும் அந்தப் பேய்ப்படத்தைப் பற்றித்தான் பேச்சு. மலாய்ப் படம். கல்யாணத்தன்று செத்துப்போன ஒருத்தி ரப்பர் தோட்டத்தில் பேயாக அலைந்து, தன்னைக் கொன்றவர்களை ஒவ்வொருவராகப் பழிதீர்க்கிறாள். மலாய்க்காரர்கள் பார்த்தார்கள், சீனர்கள் பார்த்தார்கள். சிராங்கூன் ரோட்டுத் தமிழர்களோ ஒருமுறை பார்த்துவிட்டு, மறுநாள் பயமில்லாத ஒருவரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு மறுபடியும் போனார்கள்.

பார்க்காத சிலரில் ஒருவன் செல்லக்கண்ணு. பார்க்க முடியாதவன் என்று சொல்வதுதான் சரி. அவன் மணிக்கட்டில் மஞ்சள் காப்பு கட்டியிருந்தது. சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலில் தீ மிதிப்பதாக நேர்ந்துகொண்டிருந்தான். காப்புக் கட்டியவனுக்கு மீன் கிடையாது, கறி கிடையாது, மெத்தை கிடையாது, சினிமாவும் கிடையாது.

நேர்ந்துகொண்டதற்குக் காரணம் அவன் மனைவி கமலா. போன வருடம் பிரசவத்தில் அவளுக்கு ரத்தம் நிற்காமல் போய்விட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, "தாயே, இவளைக் குடுத்துடு, உன் தீயில இறங்குறேன்" என்று வாய்விட்டு அழுதான் செல்லக்கண்ணு. அம்மன் கொடுத்துவிட்டாள். கமலாவும் பிழைத்தாள், குழந்தை கண்மணியும் பிழைத்தது. ஆக, இது விளையாட்டு நேர்த்தி இல்லை. அது அவனுக்கும் தெரியும்.

தெரிந்துதான் போனான், அந்தப் புத்திசாலி.

ஜாலான் புசாரில் ஓர் இரும்புச் சாமான் கடையில் அவன் கணக்கெழுதும் கிராணி. கூட வேலை பார்த்த அப்துல் முத்தலிப் அந்தப் படத்தை நான்கு முறை பார்த்தவர். காலையில் கதவு திறந்ததும் ஆரம்பிப்பார். "பேய் வரும் பாரு செல்லக்கண்ணு, என்னாத்த சொல்ல! காலே தரையில படாதுலா. காத்துல மிதந்து வரும். நீ பாக்கணுமே!" கேட்டுக் கேட்டுச் செல்லக்கண்ணுக்கு வயிறு எரிந்தது. ஊரே ஒன்றைத் தின்று ஏப்பம் விடும்போது தான் மட்டும் வெறும் சோற்றோடு உட்கார்ந்திருப்பதாகப் பட்டது.

தீமிதிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு சனிக்கிழமை. அன்று அரைநாள் வேலை. யாருக்கும் தெரியாமல் பஸ் ஏறி, தமிழர் கூட்டம் குறைவான கேலாங் பக்கத்துத் தியேட்டருக்குப் போனான். போகும் வழியெல்லாம் தனக்குத்தானே வக்கீலாக வாதாடிக்கொண்டான். சாமி படமில்லை, தமிழ்ப் படம்கூட இல்லை. மலாய்ப் படத்தைப் பார்த்தால் தமிழ்ச் சாமிக்குக் கோபம் வருமா? பேய் பார்ப்பது மீன் தின்பதோடு சேருமா? தீர்ப்பும் அவனே சொல்லிக்கொண்டதால் வழக்கில் சுலபமாக ஜெயித்துவிட்டான். தியேட்டர் வாசலில் கச்சான் கடலை விற்றவர் தமிழர். அவர் கண்ணில் படாமல் தலையைக் குனிந்து, சட்டைக் கையை இறக்கிக் காப்பை மறைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தான்.

பயப்படத் தயாராகத்தான் உட்கார்ந்தான். நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். ஒரு மணி நேரம் ஒன்றும் வரவில்லை. கதாநாயகன் பாட்டுப் பாடினான், பாட்டு முடிந்ததும் இன்னொரு பாட்டுப் பாடினான். கடைசியாக நாய் ஊளையிட்டது, தாளம் முழங்கியது, தியேட்டர் முழுக்க ஒரே அலறல். பக்கத்திலிருந்த சீனக் கிழவி கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டாள். முன்வரிசையில் ஒருவன் மனைவியின் தோளில் தலையைப் புதைத்தான். செல்லக்கண்ணு மட்டும் கண்ணைச் சிமிட்டவில்லை. இவ்வளவு பாவத்தைச் செய்துவிட்டு வந்து கண்ணை வேறு மூடிக்கொள்வானா?

பேய் வந்தது. வெள்ளைத் துணி. அவிழ்த்துவிட்ட தலைமுடி, அதுவும் சவுரி, ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. துணிக்குக் கீழே இரண்டு கால்கள். கால்களில் ஜப்பான் சிலிப்பர்.

அவனால் நம்ப முடியவில்லை. அடுத்த முறை வந்தபோது இன்னும் உற்றுப் பார்த்தான். அதே சிலிப்பர்தான். செத்துப்போய்ப் பேயானவள், கல் குத்துமென்று சந்தையில் வாங்கிப் போட்டுக்கொண்டு பழிவாங்கப் புறப்பட்ட மாதிரி சளக் சளக்கென்று நடந்து போனாள். இதற்கா? இந்தச் சவுரிக்கும் சிலிப்பருக்குமா அம்மனுக்குக் கொடுத்த வாக்கை விற்றோம்? அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. நல்ல படமாக இருந்திருந்தாலாவது செய்த தப்புக்கு ஒரு மதிப்பு இருந்திருக்கும். வெளியே வந்ததும் மணிக்கட்டில் காப்பு அரித்தது. படம் கொடுக்காத பயம் அப்போதுதான் வந்தது. படத்துக்கு நடந்து வந்த இந்தக் காலோடு எப்படித் தீயில் இறங்குவது?

அதைவிடப் பெரிய கொடுமை மறு திங்கட்கிழமை ஆரம்பமானது. படம் குப்பை என்று அவனுக்குத் தெரியும், ஆனால் யாரிடமும் சொல்ல முடியாது. அவன்தான் பார்க்கவே இல்லையே! முத்தலிப் வழக்கம்போல, "காலே தரையில படாதுலா" என்று தொடங்குவார். செல்லக்கண்ணு ரசீதுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு, "அப்படியா பாய்?" என்பான். முடிவெட்டப் போன இடத்தில் அதே புகழ்ச்சி. கோயிலில் காப்புக் கட்டியவர்கள்கூட, "தீமிதி முடிஞ்சதும் மொத வேல அந்தப் படந்தான்" என்றார்கள். உள்ளே புழுங்கிப் புழுங்கி நாக்கில் புண் வராத குறை.

வீட்டில் கமலா வேறு. அவனுக்காகத் தனிச் சட்டி, தனிச் சமையல். அவன் விரதம் முடியும்வரை அவளும் மீன் தொடவில்லை. முத்தலிப்பின் மனைவி ஹலீமா படத்துக்குக் கூப்பிட்டபோது, "இல்லக்கா, அவுங்க எனக்காகக் காப்புக் கட்டியிருக்காங்க, நான் மட்டும் படத்துக்குப் போனா நல்லாருக்காது" என்று சொல்லிவிட்டாள். அதைக் கேட்டுக்கொண்டிருந்த செல்லக்கண்ணு எழுந்து போய் முகம் கழுவினான்.

தீமிதிக்கு முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை. முத்தலிப்பும் ஹலீமாவும் வீட்டுக்கு வந்தார்கள். செல்லக்கண்ணு நல்லபடியாகத் தீ மிதித்து வரட்டும் என்று பழம் வாங்கி வந்திருந்தார்கள். கமலா அவனுடைய மஞ்சள் வேட்டியை அலசிக்கொண்டிருந்தாள். ஹலீமா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, "நாளையோட படத்தத் தூக்குறாங்களாம் கமலா. ஒனக்குக் குடுத்து வக்கல" என்றாள்.

முத்தலிப்புக்கு அது போதும். "தங்கச்சி, நாலு தடவ பாத்தவன் சொல்றேன் கேளு. உலகத்துல இப்படி ஒரு படம் வந்ததில்ல. பேய் வரும்போது காலே தரையில..."

"படாதா?" செல்லக்கண்ணு குதித்து எழுந்தான். "என்னா பாய் படாதுங்கிறீங்க? சிலிப்பர் போட்டுல்ல நடக்குது! ஜப்பான் சிலிப்பர்! சவுரி கோணிக்கிட்டு நிக்கிது, நீங்க என்னாத்தப் பாத்தீங்க?"

"அந்த நேரத்துல நான் எங்கப்பா பாத்தேன்? நாலு தடவையும் கண்ண மூடிக்கிட்டேன்லா" என்றார் முத்தலிப் அப்பாவியாக. அதற்குப் பிறகுதான், செல்லக்கண்ணு படத்தைப் பார்த்திருக்கிறான் என்பது அவருக்கு உறைத்தது. ஹலீமா குழந்தையை மடியிலிருந்து இறக்கிவிட்டாள். பழத்தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, வேலை இருப்பதாகச் சொல்லி இருவரும் கிளம்பினார்கள்.

கமலா வேட்டியைப் பிழிந்து கொடியில் போட்டாள். சுருக்கம் இல்லாமல் இழுத்து விட்டாள். அழவில்லை, கத்தவில்லை. திரும்பாமலே, "படமாவது நல்லாருந்துச்சா?" என்று கேட்டாள்.

இரண்டு வாரமாக யாராவது கேட்க மாட்டார்களா என்று செல்லக்கண்ணு தவித்த கேள்வி. "இல்ல கமலா. சகிக்கல."

"நாளைக்கு நீங்க தீயில இறங்க வேணாம். என் உசுருக்காக நேர்ந்தது. பொய்யா இறங்கி, ஒங்க காலுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் தாங்க மாட்டேன். அடுத்த வருஷம் மொதல்லேர்ந்து காப்புக் கட்டுங்க."

அன்று மாலையே கோயிலுக்குப் போய் உடம்பு சரியில்லை என்று சொல்லித் தீமிதிப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டு வந்தான். காப்பை அவிழ்த்தபோது மணிக்கட்டு வெறிச்சென்று இருந்தது.

மறுநாள் தெருவெல்லாம் மஞ்சள் வேட்டியாகக் கோயிலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. கமலா தலைவாரிப் பூ வைத்துக்கொண்டாள். "ஹலீமாக்காவோட மூணு மணி ஆட்டத்துக்குப் போறேன். பாப்பாவப் பாத்துக்குங்க" என்றாள். செல்லக்கண்ணு குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டான். அவள் போன பிறகு குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தான். வெட்கமாக இருந்தது. ஆனால் அந்த வெட்கத்தின் அடியில் ஒரு சின்ன ஆசையும் இருந்தது. இவள் கெட்டிக்காரி, கண்ணை மூடுகிறவள் இல்லை. சிலிப்பரைப் பார்த்துவிடுவாள். தன் பக்கம் பேச ஒரே ஓர் ஆளாவது கிடைக்கும்.

பொழுது சாயும் நேரத்தில் கமலா வந்தாள். குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"எப்படி இருந்துச்சு?" என்றான்.

"ரொம்பப் பயமா இருந்துச்சுங்க. அருமையான படம்."

"அந்தச் சிலிப்பர்?"

"எந்தச் சிலிப்பர்? காலே தரையில படல."

"கண்ண மூடிக்கிட்டியா?"

"ஒரு தடவகூட மூடல" என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போனாள். மீன் கழுவும் சத்தம் கேட்டது.

செல்லக்கண்ணு பின்னாலேயே போய் வாசலில் நின்றான். அம்மன்மேல் சத்தியமாகச் சொல் என்று கேட்கத்தான் வாயெடுத்தான். கமலா திரும்பி அவன் வெறும் மணிக்கட்டைப் பார்த்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.