எதுங்க நெம்ப நாள் இருக்கும்?

கடையின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்த பிறகும் நந்திதா திரும்பித் திரும்பி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம், காரின் மேல் சாய்ந்தபடி அவளுடைய அப்பா மனோஜ்குமார் நின்றிருந்தான். மேட்டுப்பாளையம் பஸ்களும் லாரிகளும் அவனை மறைப்பதும் காட்டுவதுமாக இருந்தன. ஒவ்வொரு முறை அவன் மறையும்போதும் குழந்தையின் கழுத்து நீண்டது. அவன் தெரிந்த பிறகுதான் தணிந்தது.

"அப்பா அங்கதான் இருக்கறாங்க கண்ணு. எங்கயும் போகமாட்டாங்க. வா, எலி பாக்கலாம்" என்று புவனா கையை நீட்டினாள்.

நந்திதா அந்தக் கையைப் பிடிக்கவில்லை. கவுனின் பாக்கெட்டுகளுக்குள் கைகளை விட்டுக்கொண்டு, அம்மாவுக்கு இரண்டடி தள்ளியே நடந்தாள். நீட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் புவனா துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள்.

ஒன்றரை மாதமாக இப்படித்தான். வீட்டுக்குள் இருக்கும்வரை ஒரு குறையும் இல்லை. தலை வாரிவிட்டால் உட்காருவாள், ஊட்டினால் வாயைத் திறப்பாள். செருப்பைப் போட்டுக்கொண்டு "வா கண்ணு, போயிட்டு வரலாம்" என்று புவனா சொல்லிவிட்டால் போதும். கட்டில் காலைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்துவிடுவாள். பால் வாங்கவும் வரமாட்டாள், தெருமுனையில் ஸ்கூல் வேன் ஏறவும் வரமாட்டாள். எங்கே போவதானாலும் அப்பாதான் வேண்டும். துடியலூரில் லேத்துப் பட்டறை வைத்திருப்பவன் காலையில் பட்டறையைத் திறப்பானா, வேனுக்குக் காவல் நிற்பானா?

ஒன்றரை மாதத்துக்கு முன்னால் புவனா பிரசவத்துக்குப் போய் வெறும் கையோடு திரும்பியிருந்தாள். எட்டாம் மாதத்தில் குழந்தை வயிற்றுக்குள்ளேயே இறந்துவிட்டிருந்தது. ஆண் குழந்தை. அவள் மயக்கம் தெளிந்து கண் திறப்பதற்குள் மனோஜும் அவன் அண்ணனும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு சென்னிமலைப் பக்கம் இருக்கும் தங்கள் தோட்டத்தில் புதைக்கப் போய்விட்டிருந்தார்கள். பெற்றவள் பார்த்தால் மறக்க மாட்டாள் என்று சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்களாம். வீடு திரும்பிய அன்று நந்திதா கேட்டிலேயே நின்றுகொண்டு, "தம்பி எங்கப்பா?" என்று கேட்டாள். மனோஜுக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் வாசற்படி ஏறும் நேரத்தில், பச்சைக் குழந்தையின் காது கேட்க, அதைச் சொல்வது நல்லதல்ல என்றும் தோன்றியிருக்க வேண்டும்.

"தம்பிய ஆஸ்பத்திரியிலயே உட்டுட்டு வந்துட்டோம் கண்ணு" என்றான்.

தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த புவனாவும் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. பொய்யும் இல்லாத, அமங்கலமும் இல்லாத ஒரு வார்த்தையைக் கணவன் கண்டுபிடித்துவிட்டதாக அப்போது அவளுக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நந்திதாவின் ஒன்றாம் வகுப்பு டீச்சர் இளவேனில்தான் ஒரு வழி சொன்னாள். "ஏதாவது சின்னதா ஒரு பிராணி வாங்கிக் குடுங்கக்கா. நீங்களே கூட்டிட்டுப் போயி, அவளையே செலக்ட் பண்ணச் சொல்லுங்க. உங்ககூட வர்றதுக்கு அவளுக்கு ஒரு ஆசை வேணுமில்ல?" வகுப்பில் ரித்விக் என்ற பையன் வீட்டில் ஹாம்ஸ்டர் என்ற குண்டு எலி இருந்தது. அது கன்னத்துக்குள் கடலையைப் பதுக்கி வைத்துக்கொள்ளும் என்ற செய்தி நந்திதாவின் கனவுகளில்கூட வந்துகொண்டிருந்தது.

"ஊட்டுக்குள்ள வர்ற எலிக்குப் பொறி வெக்கோணும், கடையில இருக்கற எலிக்குக் காசு குடுக்கோணுமா? நல்லா இருக்குது ஞாயம்" என்று மனோஜ் சிரித்தான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை கார் எடுத்தான். அப்பா வெளியே நிற்க வேண்டும், அம்மா உள்ளே கூட்டிப்போக வேண்டும் என்பது ஒப்பந்தம். அவ்வளவு தூரம் குழந்தை இறங்கி வந்ததே பெரிய காரியம் என்று புவனா நினைத்துக்கொண்டாள்.

கடையில் தானிய உமியும் ஈர மரத்தூளும் கலந்த வாடை அடித்தது. லவ் பேர்ட்ஸ் கூண்டுகளின் இரைச்சலுக்கு நடுவே, கம்பைக் கொட்டிக்கொண்டிருந்த கடைக்காரர் தனபால் கையைத் தட்டிக்கொண்டு வந்தார்.

"வாங்கக்கா. வாங்க அம்மணி. என்ன பாக்கறீங்க? மீனுங்களா, கிளிங்களா?"

"எலி" என்றாள் நந்திதா.

"அப்படிச் சொல்லுங்க!" தனபால் உற்சாகமாகக் கடையின் உட்புறம் நடந்தார். "வெள்ளெலி இருக்குதுங்க, ஹாம்ஸ்டர் இருக்குதுங்க, கினி பிக் இருக்குதுங்க. வெள்ளெலி உங்களுக்கு வேண்டாமுங்கக்கா, வாடை தாங்காது. அத வளக்கறதுக்குன்னு வாங்கறவங்க கம்மி. பெரிய மீன் வெச்சிருக்கறவங்கதான்..." குழந்தை தன்னையே பார்ப்பதைக் கண்டதும் அவர் மீதியை விழுங்கிக்கொண்டார்.

கினி பிக்குகள் பெரிய மரப்பெட்டியில் இருந்தன. காதில்லாத முயல் மாதிரி. தனபால் ஒரு கொத்து கொத்தமல்லியை நீட்டியதும் அவை எல்லாம் ஒரே நேரத்தில் கத்தின. வீச் வீச் என்று, பசித்த பச்சைக் குழந்தைகள் நிறைந்த அறை போல. மாத்திரை போட்டு நின்றுவிட்டது என்று புவனா நினைத்திருந்த பால், சுடிதாருக்குள் இரண்டு இடங்களில் கசிவது தெரிந்தது. அவள் துப்பட்டாவை இழுத்து இரண்டு மடிப்பாகப் போட்டுக்கொண்டு அங்கிருந்து நகர்ந்தாள்.

கடிக்குமா, என்ன சாப்பிடும், கூண்டை எப்படிக் கழுவுவது என்றெல்லாம் கேட்க நினைத்து வந்திருந்தாள். வாயில் வந்தது வேறு.

"இதுல எதுங்க நெம்ப நாள் இருக்கும்?"

தனபால் சிரித்துவிட்டார். "பிரிட்ஜு வாங்க வர்றவங்கதானுங்கக்கா இப்படிக் கேப்பாங்க! வெள்ளெலி வருசம் ஒண்ணரை. ஹாம்ஸ்டர் ரெண்டு, நல்லாப் பாத்துக்கிட்டா ரெண்டரை. கினி பிக்கு அஞ்சாறு வருசம் கெடக்கும். ஆனா அது ஒத்தையா இருக்காதுங்க, ஏங்கியே போயிரும். சோடியாத்தான் எடுக்கோணும். ஹாம்ஸ்டர் அப்படியே தலைகீழுங்க. ஒத்தையா உட்டாத்தான் நிம்மதி."

இரண்டு வருடம். அப்போது நந்திதா மூன்றாம் வகுப்பில் இருப்பாள். ஒருநாள் காலையில் கூண்டின் மூலையில் அது விறைத்துக் கிடக்கும். மனோஜ் அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போவான். ஸ்கூல் விட்டு வந்து எங்கே என்று கேட்பவளுக்கு என்ன சொல்வது? கடையிலேயே விட்டுட்டு வந்துட்டோம் என்று சொல்லலாம். பதில் அவ்வளவு சுலபமாகத் தன் மனதில் வந்து நின்றதில் புவனாவுக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

"கினி பிக்கே எடுத்துக்கலாமா கண்ணு? ரெண்டு எடுத்துக்கலாம்."

நந்திதா அங்கே இல்லை. ஹாம்ஸ்டர் கூண்டுகளின் வரிசையில், கடைசிக் கூண்டுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே தேன் நிறத்தில் ஒரு குண்டு ஹாம்ஸ்டர், கிழித்துப் போட்ட காகிதத் துண்டுகளை வாயில் கவ்விக் கவ்வி மூலைக்குக் கொண்டுபோய் அடுக்கிக்கொண்டிருந்தது. ஓர் ஆள் வீடு கட்டும் மும்முரம் அதனிடம் இருந்தது.

"இதுதான் வேணும்."

தனபால் குனிந்து பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினார். "இது வேண்டாம் அம்மணி. இது செனையா இருக்குது. இன்னைக்கோ நாளைக்கோ குட்டி போட்டுரும். பக்கத்துல இதே நெறத்துல ஒண்ணு இருக்குது பாருங்க."

"எனக்கு இதுதான் வேணும். குட்டியும் எங்கூட்டுக்கு வரட்டும்."

"வராது கண்ணு. இந்த நேரத்துல எடம் மாத்துனா இது பயந்துபோயிரும். பயந்துச்சுன்னா குட்டிய அதே தின்னு போட்டுரும்."

புவனா "ஏனுங்க..." என்று தடுப்பதற்குள் அவர் சொல்லி முடித்துவிட்டார். நந்திதா அண்ணாந்து பார்த்தாள்.

"அம்மாவேவா?"

"ஆமா கண்ணு. அதுக்கு அவ்வளவுதான் புத்தி."

குழந்தை கூண்டைப் பார்த்தாள். பிறகு திரும்பி, புவனாவின் வயிற்றை வெகுநேரம் பார்த்தாள். துப்பட்டாவுக்குள் புவனாவின் கைகள் தானாகவே வயிற்றின்மேல் வந்து கோத்துக்கொண்டன. நந்திதா எழுந்து தனபாலின் பக்கத்தில் போய் நின்று, ரகசியம் சொல்வது போல, ஆனால் கடைக்கே கேட்கும் குரலில் சொன்னாள்.

"எங்கம்மா திங்கல. எங்கம்மா நல்லவங்க. ஆஸ்பத்திரியிலயே உட்டுட்டுத்தான் வந்தாங்க."

தனபாலுக்குப் புரியவில்லை. "என்னதக் கண்ணு உட்டாங்க?"

"எங்க தம்பிய. அதனாலதான் நான் அவீங்ககூட எங்கயும் போறதில்ல. அப்பா வெளிய நின்னா மட்டும் போவேன்."

லவ் பேர்ட்ஸ் விடாமல் கத்திக்கொண்டிருந்தன. தனபால் புவனாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு துப்பட்டாவின் மடிப்பைப் பார்த்தார். கம்பு மூட்டையின் பக்கம் மெதுவாகத் திரும்பிக்கொண்டார்.

கட்டில் காலைக் கட்டிக்கொண்டு அழுத அத்தனை காலைகளும் புவனாவுக்கு முன்னால் ஒவ்வொன்றாக வந்து நின்றன. அடம் என்று நினைத்திருந்தாள். அப்பா செல்லம் என்று நினைத்திருந்தாள். ஒரு நாள் கோபத்தில் ஓர் அடியும் அடித்திருந்தாள். பிள்ளையோடு வெளியே போய் பிள்ளை இல்லாமல் திரும்பும் பழக்கமுள்ள ஒருத்தியோடு, ஆறு வயதுப் பெண் ஒன்றரை மாதமாக ஒரே வீட்டில் இருந்திருக்கிறாள். ஒருவரிடமும் புகார் சொல்லாமல் தன்னைத்தானே காத்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

புவனா தரையில் உட்கார்ந்தாள். தையல் இருந்த இடம் இழுத்தது.

"நான் உட்டுட்டு வரல சாமி."

"அப்பாதான் சொன்னாங்க."

"அப்பா வேற சொல்லத் தெரியாம அப்படிச் சொல்லிப்போட்டாங்க. தம்பி செத்துப்போச்சு கண்ணு. என்ற வயித்துக்குள்ள இருக்கறப்பவே செத்துப்போச்சு."

அந்த வார்த்தையை அவளும் அன்றுதான் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னாள். சொன்ன பிறகு அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. வாய் உலர்ந்துபோயிருந்தது, அவ்வளவுதான்.

நந்திதா நம்பியதாகத் தெரியவில்லை. மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்க்கிறவரைப் போல அம்மாவின் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள்.

"நீ பாத்தியா?"

"...இல்ல."

"பாக்காம எப்படித் தெரியும்?"

புவனா அந்த நாளை நினைவில் தேடிப் பார்த்தாள். மருந்து மயக்கத்தில் ஒரு நர்ஸின் பச்சை முகமூடியைப் பார்த்தது நினைவிருந்தது. அதற்கடுத்து, மடியில் ஒன்றுமில்லாமல் காரில் உட்கார்ந்திருந்தது. நடுவில் உள்ளதை எல்லாரும் அவளுக்கு வாயால்தான் சொல்லியிருந்தார்கள். தன் மகளைப் போலவே தானும் மற்றவர்கள் சொன்னதை வைத்துக்கொண்டுதான் இத்தனை நாளும் ஓட்டியிருக்கிறோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அப்பா பாத்தாங்க" என்றாள். "அப்பாகிட்டயே கேக்கலாம் வா."

எலியைப் போட்டுக் கொடுக்க அட்டைப்பெட்டியை எடுத்துவந்து நின்றிருந்த தனபாலிடம் நந்திதா சொன்னாள்: "இத யாருக்கும் குடுத்துராதீங்க. குட்டி போட்டுப் பெருசானதுக்கப்புறம் வாரோம்."

"சரிங்க அம்மணி" என்றார் அவர், பெரிய மனுஷிக்குச் சொல்வது போல.

வெளியே வெயில் சுட்டது. ரோட்டைக் கடக்க வேண்டும். புவனா கையை நீட்டவில்லை. ஓரத்தில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள். ஒரு லாரி போய் இடைவெளி கிடைத்தபோது, துப்பட்டாவின் முனையில் லேசாக ஓர் இழுப்பு தெரிந்தது. அவள் திரும்பிப் பார்க்காமல், அந்த இழுப்பு அறுந்துவிடாதபடி மெதுவாக நடந்தாள்.

"என்ன, வெறுங்கையோட வாரீங்க? எலியெல்லாம் லீவுல போயிருச்சா?" என்று மனோஜ் காரிலிருந்து நிமிர்ந்தான்.

"தம்பி செத்துப்போச்சாப்பா?"

மனோஜின் சிரிப்பு பாதியில் நின்றது. குழந்தையைத் தாண்டி மனைவியைப் பார்த்தான். "சொல்லிப்போட்டியா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான். "நடுரோட்டுல வெச்சுத்தான் சொல்லோணுமா புவனா?"

"கடைக்குள்ளயே சொல்லிப்போட்டேனுங்க. நீங்க பாத்தீங்களான்னு கேக்கறா. நானும் அதத்தான் கேக்கறேன்."

அவன் கார் கதவைத் திறந்தான். மூடினான். "ஊட்டுக்குப் போயி..." என்று ஆரம்பித்தான். இரண்டு பேரும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தியும் காரில் ஏறுவதாக இல்லை.

"பாத்தேன் கண்ணு" என்றான் கடைசியில்.

"எத்தன பெருசு?"

மனோஜ் கிரீஸ் படிந்த இரண்டு கைகளையும் மெதுவாக மேலே தூக்கி, உள்ளங்கைகளை விரித்து, நடுவே கொஞ்சம் இடம் விட்டுப் பிடித்தான். போதாது என்று தோன்றியிருக்க வேண்டும். இடது கையை இன்னும் ஒரு விரற்கடை தள்ளி வைத்தான். நந்திதா கிட்டே வந்து கால்விரல்களை ஊன்றி எட்டிப் பார்த்தாள். ஒரு பஸ் அவர்களை உரசுவது போலப் போனது. சட்டை படபடத்தது, புழுதி எழுந்தது. ஆனாலும் அவன் கைகளை இறக்கவில்லை. கைகளுக்கு நடுவே இருந்த அந்த இடத்தைப் புவனா கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கையின் விரல்கள் மட்டும், ஒரு தலையைத் தாங்குவது போல, லேசாக உள்ளே மடங்கியிருந்தன.