கீறல் விழுந்த நாற்பத்தைந்து

பிரெண்ட் கெஸ்லர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்ததுமே வெர்னன் ஹிராபக்குக்கு வயிறு எரியத் தொடங்கிவிட்டது. மான் வேட்டைப் பருவம் தொடங்க ஒரு வாரம்தான் பாக்கி. சனிக்கிழமை காலை, ஹாரியட்டின் துப்பாக்கிக் கடையில் நிற்க இடமில்லை. அந்தக் கூட்டத்திலும் பிரெண்டின் தலை மட்டும் அவனுக்குத் தனியாகத் தெரிந்தது. பிரெண்ட் போட்டிருந்த வேட்டைக் கோட்டில் கடை மடிப்புகூடக் கலையவில்லை.

வெர்னனின் மனைவியாக இருந்த மார்லீன் இப்போது பிரெண்டின் மனைவி. வெர்னன் தன் கையால் பலகை அறைந்து கட்டிய பின்வாசல் மேடையில் இப்போது பிரெண்ட் கால் நீட்டி பீர் குடிக்கிறான். வெர்னனின் மகள் ஜோலின் வாரத்தில் ஆறு நாள் அங்கே, ஒரு நாள் இங்கே. அந்த ஒரு நாளும் இப்போதெல்லாம் ஏதாவது ஒரு சாக்கில் நின்றுபோகிறது. பிரெண்டுக்கு வெந்நீர்த் தொட்டி விற்கிற தொழில். பனி கொட்டும்போது தோட்டத்தில் உட்கார்ந்து வேகிறதற்குக் காசு கொடுக்கிற ஜனங்கள் பென்சில்வேனியாவில் இருக்கும்வரை அவனுக்கு ஒரு குறையும் வராது.

"வெர்னன், ஆள் நிக்கிறாரு பாரு," என்றாள் ஹாரியட். கடை அவளுடையது. எழுபது வயதில் கல்லாவுக்குப் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து, காபிக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கடை முழுவதையும் வாயாலேயே நடத்துவாள்.

வெர்னன் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் போய் நின்றான். "என்ன வேணும்?"

"வணக்கம் வெர்னன். நல்லாயிருக்கீங்களா?"

"என்ன வேணும்னு கேட்டேன்."

பிரெண்ட் சிரித்தான். விற்பனைக்காரனின் சிரிப்பு, தண்ணீரில் போட்டாலும் நனையாது. "கைத்துப்பாக்கி ஒண்ணு. நைன்டீன் இலெவன் மாடல், நாற்பத்தஞ்சு காலிபர். பழைய காலத்து மாதிரி, முழு இரும்புல. முதல் துப்பாக்கி, அதனால அறுநூறு டாலருக்கு மேல போறதா இல்ல. முப்பது மணி நேரம் வீடியோ பார்த்துட்டுத்தான் வந்திருக்கேன்."

"முப்பது மணி நேரம் பார்த்தீங்களா. அப்ப என்கிட்ட கேக்க என்ன இருக்கு?"

"விலைதான்."

பக்கத்தில் தோட்டாப் பெட்டிகளைப் புரட்டிக்கொண்டிருந்த இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வெர்னன் சாம்பல் நிறத்தில் ஒன்றை எடுத்து, தோட்டா அடைக்கும் மேகசினைக் கழற்றி, உள்ளே காலியாக இருக்கிறதா என்று பார்த்து, ரப்பர் விரிப்பின் மேல் வைத்தான். பிலிப்பைன்ஸில் செய்தது. நானூற்று எண்பது டாலர், புதுசு. பார்க்க அழகில்லை, பூச்சு அடுப்புக் கரி மாதிரி இருக்கும். ஆனால் வெர்னன் இதுவரை பதினைந்து விற்றிருக்கிறான், ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

பிரெண்ட் அதைக் கையில் எடுத்தான். மேல்பாகமாக முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்துப் பூட்டினான். அப்புறம் கட்டைவிரலால் தட்டி அப்படியே விட்டுவிட்டான். காலித் துப்பாக்கியில் ஸ்லைடு முழு வேகத்தில் மோதி அறைந்தது. கடையில் நாலு தலைகள் திரும்பின. அடுத்தவன் துப்பாக்கியில் யாரும் அப்படிச் செய்வதில்லை. கையால் பிடித்து மெதுவாக முன்னுக்குக் கொண்டுவருவார்கள். தோட்டா இல்லாமல் அறைந்தால் உள்ளே உறுப்புகள் தேயும். தேய்வது அப்புறம். முதலில் அது மரியாதை கெட்ட வேலை.

"முப்பது மணி நேரத்துல இதைச் சொல்லித் தரலியா?" என்றான் வெர்னன்.

"உடைஞ்சா போச்சு? இரும்புதானே."

"உங்க வீட்டு இரும்பு இல்லையே."

"வீட்டைப் பத்தி நீங்க பேசறீங்க," என்றான் பிரெண்ட், குரலை உயர்த்தாமல்.

வெர்னன் துப்பாக்கியை வாங்கி விரிப்பின் ஓரமாக வைத்தான். காது மடல் வரை சூடேறியது. பிரெண்ட் அதற்குள் குனிந்து கண்ணாடிப் பெட்டியின் அடித்தட்டை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். "அது என்ன? அந்த மூலையில. மரப்பிடி போட்டது."

இந்த இடத்தில் வெர்னன் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்: அது விற்பனைக்கு இல்லை.

போன வாரம் யாரோ ரைஃபிளுக்கு மாற்றாகக் கொடுத்துவிட்டுப் போன துப்பாக்கி அது. கருநீலப் பாலிஷ், வாதுமை மரப் பிடி, பார்த்தால் கண் எடுக்க மனம் வராது. ஹாரியட் ஐநூற்று எழுபத்தைந்து என்று விலைச்சீட்டு கட்டிவிட்டாள். செவ்வாய்க்கிழமை வெர்னன் அதைச் சோதித்தான். பழைய சொந்தக்காரன் விசையை லேசாக்குகிறேன் பேர்வழி என்று வீட்டிலேயே பிரித்து, தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் சுத்தியைத் தாங்கி நிறுத்தும் சிறு கொக்கியை அரத்தால் ராவியிருந்தான். ஸ்லைடு மோதும்போது ஐந்தில் ஒரு தடவை, விரல் படாமலே சுத்தி விழுந்தது. தோட்டா உள்ளே இருந்தால் தானாகவே வெடிக்கும். ஒன்று சுடப்போய் இரண்டாகவும் வெடிக்கும். வெர்னன் சிவப்புச் சீட்டில் அதை எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டான். திங்கட்கிழமை வரும் மெக்கானிக்குக் காட்ட வேண்டும். கட்டுவதற்கு நூல் தீர்ந்துபோயிருந்ததால் சீட்டு அவன் சட்டைப்பையிலேயே கிடந்தது.

அவன் அந்த வாக்கியத்தைச் சொல்லவில்லை. குனிந்து துப்பாக்கியை எடுத்தான். காலியா என்று பார்த்து, விரிப்பின் மேல் வைத்தான்.

பிரெண்ட் விசையை அழுத்திப் பார்த்தான். "அடேயப்பா. வெண்ணெய் மாதிரி போகுது."

"ஆமா. லேசா இருக்கும்."

"அந்தக் கரிச்சட்டி மாதிரி இல்ல."

"உங்க கைக்குப் பொருத்தமாத்தான் இருக்கு," என்றான் வெர்னன்.

 என்ன ஆகிவிடப் போகிறது? சுட்டுப் பழகும் இடத்தில் தானாக ஒன்று வெடிக்கும், கூரைத் தகரத்தில் ஓட்டை விழும், நாலு பேர் சிரிப்பார்கள், இந்த ஆளின் சிரிப்பு நிற்கும். அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கெடுவான் கேடு நினைப்பான் என்று சொல்லி வைத்தவர்கள் ஒன்றும் பைத்தியக்காரர்கள் இல்லை. நினைக்கிறபோது அது கேடு மாதிரியே தெரியாது, நியாயம் மாதிரிதான் தெரியும்.

பிரெண்ட் துப்பாக்கியின் இடது பக்கத்தை வெளிச்சத்தில் திருப்பினான். அங்கே பிறைபோல ஒரு கீறல் இருந்தது. தொழில் தெரியாதவன் பிரித்து மாட்டும்போது மட்டுமே விழுகிற கீறல். முட்டாள் கீறல் என்றே கடைக்காரர்கள் சொல்வார்கள். அது இருந்தால் உள்ளே யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று பொருள். விவரம் தெரிந்தவன் முதலில் அதைத்தான் பார்ப்பான். பிரெண்டும் பார்த்தான்.

"கீறல் இருக்கே. இருபத்தஞ்சு குறைச்சுக்கோங்க."

முக்காலியிலிருந்து ஹாரியட் சொன்னாள்: "ஐநூத்தம்பது. எடுத்துட்டுப் போகட்டும். காலையில இருந்து பேசிப் பேசி என் காபி ஆறிப்போச்சு."

அவளுக்குச் சீட்டு விஷயம் தெரியாது. வெர்னன் அரசாங்கப் படிவத்தையும் பேனாவையும் பிரெண்டின் முன்னால் நகர்த்தினான். பிரெண்ட் பெயர், விலாசம் எல்லாம் எழுதினான். வெர்னன் பதினோரு வருஷம் குடியிருந்த விலாசம். அடுத்த கேள்வியில் பேனா நின்றது.

"வாங்கறது நீங்கதானான்னு கேக்குது. நான்தான் வாங்கறேன், என் பேர்லதான் இருக்கும், பெட்டியில பூட்டித்தான் வைப்பேன். ஆனா சுடப் போறது ஜோலின். நாளைக்கு துப்பாக்கி கிளப்புக்குக் கூட்டிட்டுப் போறேன், பக்கத்துலயே நிக்கப் போறேன். அதுல தப்பில்லையே?"

வெர்னனுக்குக் கடைச் சத்தமே கேட்கவில்லை.

"ஜோலினா?"

"நாளைக்குப் பதினாறு முடியுது. ரெண்டு வருஷமா கேட்டுக்கிட்டிருக்கா. எனக்கு இதுல ஒரு எழவும் தெரியாது, அதான் வீடியோவா பார்த்துத் தள்ளினேன்."

"என்கிட்ட கேக்கலியே."

"உங்ககிட்டதான் முதல்ல கேட்டாளாம். பார்க்கலாம் பார்க்கலாம்னு சொன்னீங்களாம்."

வெர்னன் படிவத்தின் மேல் கையை வைத்தான். "இது விற்பனைக்கு இல்ல."

"என்னது?"

"இது வேண்டாம். அந்தச் சாம்பல் நிறத் துப்பாக்கியை எடுத்துக்க. எழுபது டாலர் மிச்சம். அதுல ஒரு குறையும் இல்ல."

பிரெண்டின் சிரிப்பு கடைசியில் போயேவிட்டது. "ஓ. ஜோலினுக்குன்னதும் மனசு வரலியா? நல்லது எனக்குக் கிடைக்கக் கூடாது, அவ கையில நான் நல்லதா ஒண்ணு கொடுத்துடக் கூடாது. அதானே?"

"சொன்னாக் கேளு."

"உன் பேச்சைக் கேக்கறதுக்கு நான் மார்லீன் இல்ல. அவளே கேக்கல."

கூட்டம் நெருங்கி வந்தது. ஹாரியட் முக்காலியிலிருந்து இறங்கினாள். அவள் இறங்குவது அபூர்வம். "வெர்னன், விலை பேசி முடிச்சாச்சு. உன் குடும்பச் சண்டையை என் கடையில வச்சுக்காதே."

வெர்னன் துப்பாக்கியை எடுத்தான். காலியா என்று பார்த்தான். பிரெண்டுக்கும் காட்டினான். ஸ்லைடைப் பின்னால் பூட்டி, விரலை விசையிலிருந்து தூர நீட்டிக்கொண்டு, கட்டைவிரலால் தட்டி விட்டான். இருபத்தோரு வருஷத் தொழிலில் அந்த மரியாதை கெட்ட வேலையை அவன் ஆள் பார்க்கச் செய்தது அதுவே முதல் தடவை. இரும்பு அறைந்தது. சுத்தி நின்றது.

"சரி, என்ன?" என்றான் பிரெண்ட்.

இரண்டாவது தடவை. நின்றது. மூன்றாவது தடவை. நின்றது. யாரோ பின்னாலிருந்து, "இரும்புதானே, விடு," என்று சொல்ல, கடையே சிரித்தது. நாலாவது தடவையும் நின்றது. வெர்னனுக்கு நெற்றியில் வியர்த்தது. விழு, சனியனே என்று மனசுக்குள் கெஞ்சினான்.

ஐந்தாவது தடவை சுத்தி விழுந்தது.

"என் விரல் எங்க இருக்கு பாரு," என்றான் வெர்னன். விரல் காற்றில் நீட்டியபடியே இருந்தது.

சிரித்தவர்கள் எல்லாருமே துப்பாக்கி தெரிந்தவர்கள். ஒருவன் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டான். பிரெண்டுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் முகத்தில் ரத்தம் வற்றியது. வெந்நீர்த் தொட்டி விற்கிறவன் மடையன் இல்லை.

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

இப்பத்தான் என்று சொல்லியிருக்கலாம். கடை முழுவதும் நம்பியிருக்கும், ஹாரியட் தோளில் தட்டிக்கொடுத்திருப்பாள். வெர்னன் சட்டைப்பையிலிருந்து சிவப்புச் சீட்டை எடுத்து விரிப்பின் மேல் வைத்தான்.

"செவ்வாய்க்கிழமை."

பிரெண்ட் சீட்டை இரண்டு தடவை படித்தான். "அப்ப எதுக்கு இதை எடுத்து என் கையில கொடுத்த?"

"உனக்குத்தான்னு நினைச்சேன்."

 ஹாரியட் வெர்னனின் சட்டையிலிருந்த பெயர்ப் பட்டையைத் தானே கழற்றிக் கல்லாவில் போட்டாள். "திங்கட்கிழமை வராதே. இப்பவும் நிக்காதே," என்றாள்.  

"அந்தச் சாம்பல் நிறத் துப்பாக்கியை வாங்கிக்கொடு," என்றான் வெர்னன் பிரெண்டைப் பார்த்து. "அவ கைக்கு அது சரியா இருக்கும்."

"நீ தொட்ட எதுவும் என் வீட்டுக்கு வராது." பிரெண்ட் தன் விலாசம் எழுதிய படிவத்தைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டான். சிவப்புச் சீட்டையும் எடுத்தான். வெர்னன் தடுக்கவில்லை.

கோட்டை மாட்டிக்கொண்டு வெர்னன் வெளியே வந்தபோது பிரெண்டின் வண்டி இன்னும் கிளம்பவில்லை. கண்ணாடி இறங்கியது.

"இதை ஜோலின்கிட்ட காட்டப் போறேன்," என்றான் பிரெண்ட். "நீ எழுதினது இல்லைன்னு அப்புறம் சொல்ல மாட்டியே?"

"மாட்டேன்."

"உன் கையெழுத்து அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும். வருஷா வருஷம் பிறந்தநாள் கார்டுல பார்க்கிறா," என்றான் வெர்னன். இந்த வருஷத்துக் கார்டு கோட்டுப் பையில் இருந்தது. நாளைக்குக் கொடுக்க வேண்டியது, இன்னும் ஒன்றும் எழுதவில்லை.