சந்தனம் வைத்த சாவித்துளை

உடையார்பாளையத்தில் கார் வயரிங் பார்க்கிறவன் நான். என் சொந்த பைக் மட்டும் தள்ளினால்தான் கிளம்பும். அதனால் கடையை விட்டுச் சற்று ஒதுங்கியே நிறுத்துவேன். வண்டி விட வருகிறவர்கள் பார்த்துவிட்டால் என் கௌரவம் என்னாவது?

அன்று காலை வெற்றிச்செல்வி அக்கா வீட்டுக்குப் போனபோது, அவருடைய தம்பி வீரமணி காரின் முன்பக்கத்தில் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அக்காவின் கணவர் கொளஞ்சியப்பன் அண்ணன் வாடகைக்கு ஓட்டிய கார் அது. அண்ணன் தை மாதம் போய்விட்டார். காரை விலை பேசிய வரதராஜன்பேட்டைக்காரர் மதியம் எடுத்துப் போக வருகிறார். ஆனால் சாவியைத் திருப்பினால் ஒரு விளக்குகூட எரியவில்லை.

"டிராக்டர்ல கட்டி இழுத்துட்டுப் போவட்டும்க்கா. அந்த ஆளே ஒத்துக்கிட்டாரு" என்றார் வீரமணி.

"ஒங்க மாமாவத்தான் தூக்கிட்டுப் போனீங்க. இதாவது இந்த வூட்ட விட்டுத் தன்னால போவட்டுமேடா." அக்கா என்னைப் பார்த்தார். "முடியுமா தம்பி?"

"முடியும்க்கா" என்றேன். முதலில் முடியும் என்று சொல்லிவிட்டு அப்புறம் வியர்ப்பதுதான் என் தொழில்முறை.

சார்ஜ் ஏற்றிக் கொண்டுவந்த பேட்டரியை மாட்டி, டாக்டர் தோரணையில் மல்டிமீட்டரை வைத்தேன். பூஜ்ஜியம். "பேட்டரி செத்துடுச்சு" என்று அறிவித்த பிறகுதான் கவனித்தேன், மீட்டரின் திருகு வீட்டுக் கரண்ட் பார்க்கும் இடத்தில் இருந்தது.

"மொதல்ல ஒன் மீட்டருக்கு ஒரு மீட்டர் வெச்சுப் பாருய்யா" என்றார் வீரமணி.

திருகை மாற்றினேன். பன்னிரண்டரை வோல்ட். ஃப்யூஸும் நன்றாக இருந்தது. ஸ்டியரிங் அடியிலிருந்த மூடியைக் கழற்றினேன். சாவி சுவிட்சுக்குள் போகும் வயரில் பன்னிரண்டு வந்தது. சாவியைத் திருப்பி, வெளியே வரும் வயரில் மீட்டரை வைத்தால் ஒன்று, இரண்டு என்று தள்ளாடியது. வயர் எங்கும் அறுபடவில்லை. கரண்ட் சுவிட்சுக்குள்ளேயே நின்றுபோகிறது.

சுவிட்சைப் பிரித்தேன். உள்ளே மஞ்சளாக ஏதோ வழிந்து காய்ந்து, செம்புத் தகடெல்லாம் பச்சை பூத்திருந்தது. துணியில் துடைத்து முகர்ந்தேன். பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனம்.

"என்ன தம்பி கோளாறு?"

"எலிக்கா. கடிச்சி வெச்சிருக்கு."

அக்கா என் கையிலிருந்த துணியைப் பார்த்தார். "எலி சந்தனம் வெக்குமா தம்பி?"

நான் திருப்புளியைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். அது என் கையில்தான் இருந்தது.

"அவரு ஸ்டியரிங்லதான் வெப்பாரு. நான்தான், அவரு கை கடைசியா பட்ட எடமாச்சேன்னு, வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம அந்தச் சாவி ஓட்டையில..." அடுப்பைப் பார்க்கப் போகிறவர்போல உள்ளே போய்விட்டார்.

தகடுகளை உப்புத்தாளால் தேய்த்து, திரும்ப மாட்டி, சாவியைத் திருப்பினேன். கியர் எதில் இருக்கிறது என்று பார்க்காமல் சாவியைத் திருப்புகிற எலக்ட்ரீசியன் இந்தத் தாலுகாவில் நான் ஒருவன்தான். கார் ரிவர்ஸ் கியரில் இருந்தது. ஹேண்ட்பிரேக் பிடிக்காததால் அண்ணன் எப்போதும் பின்பக்கமாக உள்ளே விட்டு, ரிவர்ஸிலேயே நிறுத்துவார். நெஞ்சுவலியோடு வந்த அன்றும் அப்படித்தான் நிறுத்தியிருக்கிறார்.

ரிவர்ஸ் ஹாரன் பாட ஆரம்பித்தது. அண்ணன் வீடு வந்துவிட்டார் என்று சாயங்காலம் தெருவுக்கே சொல்லும் மெட்டு.

அக்கா தோசைக்கரண்டியோடு வெளியே ஓடிவந்தார். "வந்துட்டீங்..." வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

நான் பதறிச் சாவியில் கை வைத்தேன்.

"நிறுத்தாத தம்பி. செத்த நேரம் பாடட்டும்."

வீரமணி கயிற்றை அவிழ்க்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மதியம் வரதராஜன்பேட்டைக்காரர் வந்து இன்ஜினை ஓடவிட்டார். சந்தனக் கிண்ணத்தோடு வந்த அக்கா, பழக்கத்தில் சாவித்துளை வரை விரலைக் கொண்டுபோனவர், சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"எங்க வெக்கட்டும் தம்பி?"

"கண்ணாடில வைங்கக்கா."

வைத்தார். கார் தன்னால் தெருவில் இறங்கிப் போனது. முன்பக்கமாகப் போகும்போது அது பாடாது. அதை நான் யோசிக்கவில்லை. அக்கா யோசித்திருப்பார் போல. திருப்பம் வரை காது கொடுத்து நின்றார்.

நான் பைக்கை உதைத்தேன். கிளம்பவில்லை. இன்னும் உதைத்தேன். அக்கா முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து பின்னால் கை வைத்தார்.

"ஒக்காரு தம்பி. நான் தள்ளுறேன்."