ஒரு பாய்க்காகவா?

1

"என் பாயில ஷூவோட படுத்திருந்தான்டி."

அக்கா போனில் சொன்ன இந்த ஒரு வரியில்தான் கதை பிறந்தது. ஹலோ இல்லை, சாப்பிட்டியா இல்லை. எடுத்த எடுப்பில் இதுதான். கூட வேலை செய்கிறவர் யாரையும் அவள் 'அவன்' என்று சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை.

நான் கதை எழுதுகிறவள். கோபம் ஆறின பிறகுதான் எழுத உட்கார வேண்டும் என்று எங்கள் வட்டத்தில் பெரிய பேச்சு உண்டு. ஆறின பிறகு எழுதினால் அந்த ஆளுக்கும் ஒரு மனசு, ஒரு சோகம் என்று ஏதாவது வைத்துத் தொலைப்பேன். அதனால் சூட்டோடு எழுதுகிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

'மலை உச்சியில் மேகங்கள் தவழ்ந்துகொண்டிருந்தன. குழுவின் ஒரே பெண் தன் கூடாரத்தை நோக்கி மெல்ல—'

அடித்துவிட்டேன். மேகத்துக்கு இதில் என்ன வேலை?

2

என் அக்கா நில அளவையாளர். மலையில் சாலை போடுவதற்கு முன்னால் ஒரு குழு மேலே போய்க் கூடாரம் போட்டுத் தங்கி, மேடு பள்ளம் பார்த்து அளந்து வரும். அந்தக் குழுவில் அவள் ஒருத்திதான் பெண். கருவியை நிறுத்தும் முக்காலியை வேறு யாரிடமும் கொடுக்காமல் தானே தோளில் போட்டுக்கொண்டு ஏறுவாள் என்பதால் அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே 'முக்காலி'.

போன மழைக்காலத்தில் சரிவில் வழுக்கி விழுந்து இடுப்பில் நல்ல அடி. குணமாகிவிட்டது. ஏறலாம், இறங்கலாம், வேலை செய்யலாம், ஆனால் கெட்டித் தரையில் மட்டும் படுக்காதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளோ ஒருக்களித்துப் படுத்தால்தான் தூங்குவாள். அலுவலகம் தரும் பாய் என்பது டிவி பெட்டிக்குள் சுற்றி வருமே, அந்த நுரைத் தாளை நீளமாக வெட்டின மாதிரி ஒரு நீலச் சமாச்சாரம். கொஞ்சம் தடிமனாக ஒன்று வேண்டும் என்று கேட்டதற்கு வந்த பதில்: "கேம்ப் என்ன ஹோட்டலாம்மா?"

சரி என்று சொந்தக் காசில் வாங்கக் கிளம்பினாள்.

3

கடைக்கு அத்தானும் கூடப் போனார். விற்பனையாளர் அத்தானைப் பார்த்தே பேசினார்.

"சாருக்கு எந்த மாதிரி பாக்கறீங்க?"

"சாருக்கு இல்ல. எனக்கு," என்றாள் அக்கா.

"ஓ, மேடமுக்கா? சார், லேடீஸுக்குன்னே லைட்டா ஒண்ணு வந்திருக்கு, கலர்கூட—"

"அங்க பாக்காதீங்க. இங்க பாருங்க. படுக்கப் போறது நான்."

கடைக்குள்ளேயே தரையில் ஒவ்வொன்றாக விரிக்கச் சொல்லி ஒருக்களித்துப் படுத்துப் பார்த்தாள். நுரைப்பாய்: இறகு மாதிரி லேசு, முள் குத்தினாலும் ஒன்றும் ஆகாது, ஆனால் இடுப்பெலும்பு தரையைத் தொட்டுவிட்டது. வாயால் ஊதும் காற்றுப்பாய்: மெத்தென்றிருந்தது, ஆனால் புரண்டால் சிப்ஸ் பாக்கெட்டைக் கசக்குகிற சத்தம். உள்ளே வெறும் காற்றுதான் என்பதால் தரையின் குளிர் நேராக முதுகுக்கு ஏறும். மடக்குக் கட்டிலில் மகாராணி மாதிரி படுக்கலாம், ஆனால் அதை மலைக்குத் தூக்கிப் போவது யார்?

கடைசியில் ஒன்று. உள்ளே நுரை வைத்துத் தைத்தது. மூடியைத் திறந்துவிட்டால் தானே காற்றை இழுத்துக்கொண்டு உப்பும். எடை கொஞ்சம் கூடுதல். படுத்து, இடுப்புக்கு அடியில் உள்ளங்கையை நுழைத்துப் பார்த்தாள். தரை தட்டவில்லை. கொஞ்சம் காற்றை இறக்கினாள். தோள் அமுங்கி உட்கார்ந்தது. கண்ணை மூடிக்கொண்டாள்.

"எழுந்திரு, எல்லாரும் பாக்கறாங்க," என்றார் அத்தான்.

"பாக்கட்டும். நாளைக்கு இடுப்பு புடிச்சுக்கிட்டா இவங்களா வந்து நீவி விடப் போறாங்க?"

(இதைப் படித்த ஒரு தோழி, "பாய் வாங்கறதுக்கு இவ்வளவு நீளமா?" என்றாள். ஒரு வீரன் வாள் தேர்ந்தெடுத்தால் ஒரு அத்தியாயம் முழுக்கப் பொறுமையாகப் படிக்கிறீர்கள் இல்லையா? படியுங்கள்.)

4

இப்போது குழுத் தலைவர். இவரை என்ன செய்வது என்று தெரியாமல் இப்படி எழுதினேன்:

'தலைவருக்கு நெடுநாளாக முதுகுவலி. இளமையில் ஏறிய மலைகள் எல்லாம் இப்போது அவர் தண்டுவடத்தில்—'

அக்காவிடம் படித்துக் காட்டினேன்.

"முதுகுவலியா? அந்தாளு என்னை முந்திக்கிட்டு ஏறினான்டி! வலிக்குதுன்னு வாயைத் திறந்து கேட்டிருந்தா மாத்தி மாத்திப் படுத்துக்கலாம்னு நானே குடுத்திருப்பேன். நீ ஏன் அவனுக்கு வக்காலத்து வாங்கற?"

முதுகுவலியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

நடந்தது இதுதான். மேலே போனதும் கூடாரம் போட்டு, பாயை விரித்து, மூடியைத் திறந்து வைத்துவிட்டு, அளவுகோல் பிடிக்கும் உதவியாளருடன் அளக்கப் போனாள். சாயங்காலம் திரும்பி வந்தால் கூடாரத்தில் பாய் இல்லை. அந்த இடத்தில் நீலத் தாள் கிடந்தது. எதிர்க் கூடாரம் திறந்திருந்தது. தலைவர் ஷூவைக்கூடக் கழற்றாமல் அவள் பாயில் கால்மேல் கால் போட்டுப் படுத்து போன் பார்த்துக்கொண்டிருந்தார். உதவியாளர் அளவுகோலுடன் அக்காவின் பக்கத்திலேயே நின்றார்.

"சார், அது என்னோட பாய்."

"தெரியும்மா. சூப்பரா இருக்கு. எங்க வாங்கின?"

"எழுந்திருங்க சார்."

"டீம்னு வந்துட்டா எல்லாம் பொதுதான். நீ சின்னப் பொண்ணு, கட்டாந்தரையில போட்டாலும் தூங்கிடுவ."

"எனக்கு இடுப்புல அடிபட்டது உங்களுக்குத் தெரியும். சர்டிபிகேட் உங்க கையிலதான் குடுத்தேன்."

"ஒரு பாய்க்காகவா இவ்வளவு பேச்சு?" என்று உதவியாளரைப் பார்த்துச் சிரித்தார்.

உதவியாளர் அளவுகோலில் ஒட்டியிருந்த மண்ணை நகத்தால் சுரண்டினார்.

இந்த இடத்தில் நான் ஆசை ஆசையாக ஒன்று எழுதினேன். அக்கா குனிந்து மூடியைத் திருகுகிறாள். புஸ்ஸென்று காற்று இறங்க இறங்க, தலைவர் போனும் கையுமாகத் தரையோடு தரையாகிறார். எழுதிவிட்டுத் தனியாகச் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

"இதை எடுத்துடு. நான் அப்படிச் செய்யல. எனக்கு வாயடைச்சுப் போச்சு. நீலத் தாளை விரிச்சுப் படுத்தேன். அதை எழுது."

எழுதிவிட்டேன்.

5

காலையில் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. இடுப்பு பூட்டுப் போட்ட மாதிரி பிடித்துக்கொண்டது. குரல் கொடுத்தாள். சமையல்காரரும் உதவியாளரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்தார்கள். தலைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"இதுக்குத்தான் பொம்பளைங்கள மலைக்கு அனுப்பாதீங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கறேன்."

அக்காவின் கண்களில் நீர்—

("அழல. எழுதாத.")

அழவில்லை. பிடித்திருந்த இருவரிடமும், "அவர் கூடாரத்துக்குக் கூட்டிட்டுப் போங்க," என்றாள். உள்ளே போய் மூடியைத் திறந்துவிட்டுப் பாயின் மேல் உட்கார்ந்தாள். அந்த வகைப் பாயில் காற்று சுலபத்தில் இறங்காது. முழு பாரத்தையும் போட்டு அமுக்கி, சுருட்டி, பிரித்து, மறுபடி சுருட்ட வேண்டும்.

"ஏய், என்ன பண்ற?"

"என் பாயைச் சுருட்டறேன் சார்."

எல்லோரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். அவள் அவசரப்படவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, ஓரத்திலிருந்த சேற்றை வழித்து அவர் தலையணைமேலேயே துடைத்துவிட்டு, கட்டி, அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

"இன்னிக்கு நீங்களே அளந்துக்குங்க," என்று சொல்லிவிட்டு இருவரின் தோளைப் பிடித்துக்கொண்டு ஜீப் நிற்கும் இடம்வரை நடந்து, ஏறிக் கீழே இறங்கிவிட்டாள்.

இங்கே முடித்திருந்தால் நல்ல கதை. கைதட்டுவீர்கள். ஆனால் அவள் இறங்குவதற்குள் தலைவரின் புகார் அலுவலகம் போய்ச் சேர்ந்துவிட்டது: உடல்தகுதி இல்லை, அற்ப விஷயத்துக்காகப் பணியை விட்டுப் போனாள், இனி மலைப்பணி கொடுக்கக் கூடாது.

6

அக்காவும் பதில் புகார் கொடுத்தாள். நாளை விசாரணை. இதற்குள் கேட்காதவர்கள் இல்லை. அவள் மாமியார், பக்கத்து மேசைக்காரர், எங்கள் அம்மாகூட: "ஒரு பாய்க்காகவா?" அத்தான் மட்டும் கேட்கவில்லை. கடையில் அவள் கண்ணை மூடியதைப் பார்த்தவர் அவர்.

தலைவர், பாயை அவளே கொடுத்தாள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தச் சாயங்காலம் கூட நின்றது உதவியாளர் ஒருவர்தான். அக்கா அவரைப் போனில் கூப்பிட்டுப் பேசினாள்.

"எனக்குக் குடும்பம் இருக்கு மேடம்."

"எனக்கு இருக்கறது என்ன, குருவிக் கூடா?"

அவர் போனை வைத்துவிட்டார்.

முடிவு ஒன்று எழுதினேன்: 'உதவியாளர் எழுந்து நின்றார். அவர் குரல் முதலில் நடுங்கியது, பிறகு—'

விட்டுவிட்டேன். அவர் பேசிவிட்டால் நீங்கள் நிம்மதியாக விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கப் போவீர்கள்.

இன்னொன்றும் எழுதினேன்: அவர் பேசவில்லை. அக்கா அலுவலக மாடி அறையில் வேறு யாரோ அளந்து வந்த மலைக்குக் கோடு போட்டுக்கொண்டிருக்கிறாள். கிழித்துவிட்டேன். அதற்கு ஒரு 'ச்சு' கொட்டிவிட்டு நீங்கள் அதே தூக்கம்தான் தூங்குவீர்கள்.

நாளை அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது. அவருக்குப் பதிலாக நான் பேசப்போவதில்லை. என் கதையிலிருந்து அவரை எடுத்துவிட்டேன். விசாரணை அறையில் அவர் உட்கார வேண்டிய நாற்காலி காலியாக இருக்கிறது. அவர் பார்த்ததெல்லாம் நீங்களும் பார்த்தீர்கள். உட்காருங்கள்.

அக்கா எதிரே இருக்கிறாள். தலைவர் உங்களைப் பார்த்து, நம்ம ஆள்தானே என்பதுபோலத் தலையசைக்கிறார். உங்களுக்கும் குடும்பம் இருக்கிறது, தெரியும். அதிகாரி பேனாவைத் திறந்துவிட்டார்.

"நீங்க அங்கதான் இருந்தீங்க. சொல்லுங்க."